மூன்றாவது பாட்டின் சோகம்

எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. வெற்றிலை, சுருட்டு ஒன்றும் இல்லை. ஒரேயொரு கெட்ட பழக்கம், கண்ணை மூடிக்கொண்டு பாட்டுக் கேட்பது. கேட்பதோடு நின்றால் பரவாயில்லை, கேட்டு முடிந்ததும் கண்ணைத் திறந்து விளக்கம் சொல்லத் தொடங்கிவிடுவேன். அந்த விளக்கத்தால் என் மகளின் கலியாணம் ஒரு பின்னேரம் முழுக்க அந்தரத்தில் நின்றது.

மகள் மதுரா. அவள் விரும்பிய பெடியன் கஜன். குறை சொல்ல முடியாத பிள்ளை (தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை). கஜனின் தகப்பன் சிவநேசன் மெல்பேணில் முப்பது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து, நல்லூரில் ஒரு ஒழுங்கைக்குள் மாடிவீடு கட்டி, மேல்மாடியைப் பாட்டுக் கேட்பதற்கு மட்டும் ஒதுக்கி வைத்திருந்தார். அந்த வீட்டுக்கு முதல்முறை எங்களை வரச் சொல்லியிருந்தார்கள். போய் வந்தது சரியாக அமைந்தால் அடுத்தது நாள் பார்ப்பது.

"அப்பா, அங்கை போய் லெக்சர் அடிக்காதேங்கோ," என்றாள் மதுரா, வட்டுக்கோட்டையில் வாடகை வானுக்குள் ஏறும்போது. "மாமாவுக்கு அந்தப் பாட்டுச் சாமான்கள்தான் உயிர். 'நல்லாயிருக்கு' எண்டு சொல்லிப்போட்டுப் பேசாமல் இருங்கோ. எனக்காக."

"நான் என்ன சின்னப் பிள்ளையே?" என்றேன். (இந்தக் கேள்விக்கு என் வீட்டில் இதுவரை ஒருவரும் பதில் சொன்னதில்லை.) என் மனைவி வதனி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு வெளியே பார்த்தாள்.

மாடி அறைக்குள் போனதும் வாசலிலேயே நின்று சுற்றிப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். சுவரெல்லாம் மெத்தை மாதிரி என்னவோ ஒட்டியிருந்தது. நடுவில் ஒரேயொரு தோல் கதிரை, மற்றவர்களுக்கு ஓரமாகச் சோபா. சிவநேசன் என்னைப் பிடித்துத் தோல் கதிரையில் இருத்தினார்.

"மாஸ்ரர், எல்லாம் ஹை-ரெசல்யூஷன். பாடுறவன் மூச்சு இழுக்கிறதும் கேக்கும். சொல்லுங்கோ, என்ன போடுவம்?"

நான் ஒரு இசைத்தட்டின் பெயரைச் சொன்னேன். அதை இங்கே எழுத மாட்டேன். எழுதினால் அதைக் கேட்கும்போதெல்லாம் உங்களுக்கு என் ஞாபகம் வரும், நீங்கள் பாவம். ஒரு வெளிநாட்டுப் பொப் குழு, ஒரு காலத்தில் உலகமே கேட்ட தட்டு. உலகம் எப்படிக் கேட்டதோ தெரியாது, நான் கேட்டது போர்க்காலத்தில், ஊரே இடம்பெயர்வதற்கு முந்திய வருடங்களில், என் தாய்மாமன் வீட்டு விறாந்தையில். அப்போது யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை, பற்றரி கண்ணால் காணக் கிடையாது. மாமாவின் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, யாராவது ஏறியிருந்து மிதித்தால், டைனமோவிலிருந்து இழுத்த வயரில் கசற் பெட்டி பாடும். நான் பாயில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடிக்கொள்வேன்.

இடம்பெயர்ந்தபோது அந்தக் கசற்றும் போய்விட்டது. பிறகு போனில் கேட்டிருக்கலாம். "போனிலை கேக்கிறது அந்தத் தட்டுக்குச் செய்யிற அவமானம்" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு, முப்பது வருடம் அதைக் கேட்காமலே அதைப் பற்றி விளக்கம் சொல்லித் திரிந்தேன். நான் உயர்தர வகுப்புக்குப் பௌதிகம் படிப்பிக்கிறவன் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

"போடுறதுக்கு முதல் ஒண்டு சொல்லவேணும்," என்று தொடங்கினேன். மதுரா சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மூண்டாவது பாட்டிலை ரெண்டாவது சரணம் வரேக்கை, பாடுறவன்ரை குரல் மெல்ல மெல்லத் தாழும். வாத்தியம் எல்லாம் அவனோடை சேர்ந்து இழுபடும். உலகமே களைச்சுப்போய் நிண்ட மாதிரி ஒரு சோகம். பிறகு கடைசியிலை ஒரு எழுச்சி, எல்லாம் துள்ளிக்கொண்டு ஓடும். சோகத்திலை இருந்து மீட்சி. நான் அந்த இடத்திலை அழுதிருக்கிறன். உங்கடை மெசின் அதைக் காட்டுதோ பாப்பம்."

சிவநேசனின் நெற்றி ஒருகணம் சுருங்கியது. ஆனால் அவரும் என்னைப் போல ஆள்தானே, தெரியாது என்று சொல்ல வாய் வருமா? "ஓம் ஓம், அந்த இடம்... அருமையான இடம்," என்றார்.

பாட்டுப் போட்டார். கண்ணை மூடினேன். முதல் பாட்டு போனது, இரண்டாவது போனது. மூன்றாவதில் இரண்டாவது சரணம் வந்தது. கைக்குட்டையை எடுத்துத் தயாராக வைத்திருந்தேன். குரல் தாழவில்லை. ஒன்றும் இழுபடவில்லை. சந்தைக்குப் போகிறவன் மாதிரி ஒரே வேகத்தில் பாடிவிட்டுப் போனான்.

கண்ணைத் திறந்தேன். "இது சரியில்லை."

திரும்பப் போட்டார். அதேதான். வயரைக் கழற்றி வேறு வயர் மாட்டினார். அதேதான். "புதுசாய்ப் பதியேக்கை வெட்டிப்போட்டாங்களோ தெரியேல்லை," என்று சொல்லிப் பழைய சீடீயை எடுத்துப் போட்டார். பிறகு உறையிலிருந்து கறுப்பு இசைத்தட்டையே எடுத்து, துடைத்து, ஊசி வைத்துப் போட்டார். சோகம் எதிலும் இல்லை.

"அப்ப மூண்டும் பிழை," என்றேன் நான்.

அந்த இடத்தில் ஒரு மனிதன் நிறுத்தியிருப்பான். நான் மேலும் சொன்னேன்: "வெளிநாட்டுச் சாமான் எண்டாப்போலை எல்லாம் சரியாய் வேலை செய்யும் எண்டில்லை, பாருங்கோ. நாங்கள் ஒரு சின்னக் கசற் பெட்டியிலை கேட்டது இதைவிடத் துல்லியம்."

கஜன் நிலத்தைப் பார்த்தான். மதுராவின் கண் நிறைந்துவிட்டது, அதை நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிவநேசன் ஊசியைத் தூக்கி, தட்டை உறைக்குள் போட்டு, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார். "கீழை போவம். தேத்தண்ணி ஆறப்போகுது. நீங்களும் இருட்ட முதல் வெளிக்கிடவேணும்தானே," என்றார். மணி நாலரை.

அப்போதுதான் வதனி வாய் திறந்தாள்.

"அண்ணை, உங்கடை மெசினிலை ஒரு பிழையும் இல்லை. அது என்ரை கால்."

எல்லோரும் அவளைப் பார்த்தோம்.

"கரண்ட் இல்லாத காலம், சைக்கிள் டைனமோவிலைதான் அந்தக் கசற் பாடினது, மிதிச்சது நான்," என்றாள். "இவர் எனக்கு அத்தை மகன், எங்கடை வீட்டு விறாந்தையிலைதான் பாட்டுக் கேக்கிறவர். எனக்கு அப்ப பதினாலு வயசு. சைக்கிள் எங்கடை ஐயாவின்ரை, எனக்குக் கால் எட்டாது, நிண்டு நிண்டுதான் மிதிக்கவேணும். ரெண்டு பாட்டு மட்டும் சமாளிப்பன். மூண்டாவதிலை கால் சோர்ந்திடும். அதுதான் அந்தச் சோகம்."

"அப்ப... கடைசியிலை அந்த எழுச்சி?" என்று சிவநேசன் கேட்டார்.

"அம்மா குசினிக்குள்ளை இருந்து தேத்தண்ணிக்குக் கூப்பிடுவா. கெதியாய் முடிச்சுப்போட்டு ஓடுவம் எண்டு மிதிப்பன்."

மிதி குறைந்தால் டைனமோவின் மின்னழுத்தம் குறையும், மின்னழுத்தம் குறைந்தால் மோட்டர் மெதுவாகும். இதை நான் வருடா வருடம் கரும்பலகையில் படம் கீறிப் படிப்பிக்கிறேன். விளங்காத பிள்ளைகளை ஏசியும் இருக்கிறேன்.

"நீ ஏன் இதை இவ்வளவு நாளும் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் கண்ணைத் திறந்து ஒருக்காலும் கேக்கேல்லையே."

முதலில் சிரித்தது கஜனின் தாய். பிறகு கஜன், மதுரா, கடைசியில் சிவநேசனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சோபாவில் இருந்துவிட்டார். நானும் சிரித்தேன், ஆனால் உள்ளே எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பது வருடமாக நான் சொல்லிவந்த கதையில் 'யாராவது' மிதித்தார்கள் என்றுதான் வரும். அந்த யாராவதைத்தான் கலியாணம் கட்டியிருந்தேன்.

"அந்தக் கசற்றிலை நான் ஒரு பாட்டும் ஒழுங்காய்க் கேட்டதில்லை அண்ணை," என்றாள் வதனி. "செயின் சத்தம்தான் கேட்டது. ஒருக்கா முதலிலை இருந்து போடுறியளே?"

சிவநேசன் அணைத்த விளக்குகளையெல்லாம் திரும்பப் போட்டார். என்னைப் பார்த்து, "மாஸ்ரர், எழும்புங்கோ," என்றார். தோல் கதிரையில் வதனி இருந்தாள். நான் ஓரத்தில் நின்றுகொண்டு முழுவதையும் கேட்டேன். அந்தத் தட்டு அவ்வளவு நல்லது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கீழே போனபோது கஜனின் தாய் தேத்தண்ணியைத் திரும்பச் சூடாக்கிக்கொண்டு, "ஆவணியிலை ஒரு நாள் பாப்பமே?" என்று வதனியைக் கேட்டாள். என்னை ஒருவரும் கேட்கவில்லை, நியாயம்தான்.

கலியாணம் நல்லபடி நடந்தது. அதற்குப் பிறகு எங்கள் இரண்டு வீட்டிலும் யாராவது களைத்துப்போனால் "மூண்டாவது பாட்டு வந்திட்டுது" என்பார்கள். போன வருடம் எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, உடம்பை அசைக்கவேண்டும் என்று டொக்டர் சொன்ன செய்தி நல்லூருக்குப் போய்ச் சேர்ந்ததும், சம்பந்தி ஒரு பெரிய பெட்டி அனுப்பினார். உள்ளே ஓடாத சைக்கிள் ஒன்று, வீட்டுக்குள் வைத்து மிதிக்கிற வகை. கூடவே ஒரு நல்ல ஸ்பீக்கர், அதில் அந்தத் தட்டு.

இப்போது ஒவ்வொரு பின்னேரமும் வதனி சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடிப் படுத்திருப்பாள், நான் மிதிப்பேன். மூன்றாவது பாட்டில் இரண்டாவது சரணம் வரும்போது எனக்குக் கால் சோர்ந்துவிடும். பாட்டு அதே வேகத்தில் போகும். வதனி மட்டும் கண்ணைத் திறக்காமலே சொல்வாள்:

"மிதியுங்கோ அத்தான், சோகம் வருது."