கூரையில் வைத்த வெளிச்சம்

அரைகுறையாகக் கற்ற வேலையை அடுத்தவர் வீட்டில் செய்யலாம். செய்துவிட்டு ஓடிவிட முடியும். சொந்த வீட்டில் செய்தால் அதற்குக் கீழேயே படுத்துத் தூங்க வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பிறகு எந்த வேலையிலும் நிலைத்ததில்லை. ஊர் ஊராகச் சுற்றிவிட்டு அலுவிகாரையில் ஒரு வீட்டில் ஒதுங்கியபோது நாற்பதை நெருங்கியிருந்தேன். (வீடு என்பது மரியாதைக்கு. இரண்டு பக்கமும் அடுத்தவர் சுவர், பின்னால் மண்மேடு, ஒரே கதவு.) பகலிலும் பல்பு எரிய வேண்டும். கரண்ட் போனால் சோறு வாய்க்குப் போவதே குத்துமதிப்பில்தான். தனியாள் என்பதால் அது குறையாகத் தெரியவில்லை. பார்ப்பதற்கு அங்கே யார் முகமும் இல்லை.

கலேவெலயில் கட்டிக்கொடுத்த என் தங்கச்சி ஒரு பெண் பார்த்தாள். பெயர் செல்வராணி, தையல் வேலை.

"அண்ணே, போன தடவ வந்த எடம் ஏன் போச்சு தெரியுமா? குகைக்குள்ளயா பொண்ண குடுக்குறதுன்னு கேட்டாங்களாம். இவங்க ஞாயித்துக்கெழம வீடு பாக்க வர்றாங்க. ஏதாச்சும் செய்ங்க. இதும் போனா இனிமே நான் பாக்க மாட்டேன்."

சீகிரியாவில் ஒரு ஹோட்டலில் கொஞ்ச காலம் அறை துடைத்தவன் நான். அங்கே பகலில் விளக்கே எரியாது. கூரையில் கண்ணாடி, வெள்ளைச் சுவர், வெளிச்சத்துக்கு எதிரே பெரிய நிலைக்கண்ணாடி. இது என்ன பெரிய வித்தை? நடுக்கூரையில் ஒரு தகரத்தைக் கழற்றி, வெளிச்சம் விடும் பிளாஸ்டிக் தகடு அடித்தேன். சுவருக்குச் சுண்ணாம்பு. எதிரே, மூடப்போன சலூன் ஒன்றில் வாங்கிய கண்ணாடி.

அறை பளிச்சென்றானது. என் வீட்டை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு கோப்பை. (இருட்டு எவ்வளவு உதவியாக இருந்திருக்கிறது!) ஓடிப்போய், நானா என்று நான் கூப்பிடும் அடுத்த வீட்டு முஸ்லிம் பெரியவரிடம் நாற்காலிகளும் கோப்பைகளும் இரவல் வாங்கி வந்தேன்.

ஞாயிறன்று செல்வராணியும் அவள் அம்மாவும் தாய்மாமனும் வந்தார்கள். வெளிச்சம் விழும் இடத்தில் ஸ்டூல் போட்டு, வாழைப்பழச் சீப்பு வைத்திருந்தேன்.

"லைட்டு போடலியா?" என்றார் மாமன்.

"தேவப்படாதுங்க" என்றேன், ஹோட்டல் முதலாளி தோரணையில்.

செல்வராணி அண்ணாந்து பார்த்தாள். "நல்லாருக்கு. இதுக்குக் கீழ தையல் மெசின வைக்கலாம்."

என் வீட்டில் எதை எங்கே வைப்பதென்று இன்னொருவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்போது வெளிச்சம் மங்கியது. மேகம் என்று நினைத்தேன். அண்ணாந்தால், தகட்டின் மேல் ஐந்து விரல்கள். பிறகு ஒரு மூக்கு. எங்கள் பக்கத்துக் குரங்குகள் தினமும் அந்தக் கூரைகளில் ஓடுகிறவை. தகரத்துக்குக் கீழே என்ன இருக்கிறதென்று அதுவரை அவற்றுக்குத் தெரியாது. பழத்தை வெளிச்சம் போட்டுக் காட்டியவன் நான்தான்.

"ஒன்னும் செய்யாதுங்க, சும்மா பாக்குது" என்று முடிப்பதற்குள் தகடு பிளந்தது. ஒரு குரங்கு பழத்தின் மேல் விழுந்தது. இன்னொன்று மாமன் தோளில். (அதுக்கும் இறங்க ஒரு இடம் வேணுமே.) முதல் குரங்கு கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் பாய்ந்தது. நானாவின் கோப்பைகள் நொறுங்கின.

"கதவ தெறங்கய்யா!" என்று மாமன் அலறினார். இருந்த ஒரே கதவு வழியாக விருந்தாளிகளும் குரங்குகளும் ஒன்றாகத்தான் வெளியேறினார்கள்.

"இருட்டு வீடுன்னாங்க. அதுவே தேவலாமேய்யா!" என்று மாமன் சட்டையை உதறினார். செல்வராணி மட்டும் சிரிப்பை அடக்கியபடி ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அதன்பின் அந்தப் பக்கமிருந்து பேச்சே வரவில்லை.

ஹோட்டல் கண்ணாடிக்கு மேலே கம்பி வலை இருந்தது பிற்பாடுதான் நினைவுக்கு வந்தது.

இப்போது நானும் புதுத் தகடு அடித்து, வலையும் போட்டிருக்கிறேன். இருட்டு இனி எனக்கு ஒத்துவராது. காலை வெளிச்சம் மெசின் வைக்கச் சொன்ன இடத்தில்தான் விழுகிறது. அங்கே நான் ஒன்றும் வைக்கவில்லை. சில நாள் மேலே முகங்கள் வந்து வலை வழியாக எட்டிப் பார்க்கும்.

தங்கச்சி போன் எடுத்தால், பிள்ளைகளுக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முதலில் கேட்பாள்: "அண்ணே, இன்னைக்கு பொண்ணு வீட்டுக்காரங்க வந்தாங்களா?"

"வந்தாங்க. வீட்ட பாத்துட்டு, ஒன்னும் சொல்லாம போயிட்டாங்க."

அந்தப் பக்கம் வீடே சிரிக்கும். அது ஓயும்வரை நான் போனை வைப்பதில்லை.