நடுநிலையாளர் கிழித்த கோடு

நடுநிலையாளரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று தலையாட்டாதீர்கள். ஊருக்கு ஒருவர் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. இப்போது தெருவுக்கு இரண்டு பேர், சில குடும்பங்களில் சாப்பாட்டு மேஜைக்கே ஒருவர். மூன்று பேர் உட்காரும் சோபாவில் நடுவில்தான் உட்காருவார். குடை பிடித்தால் தானும் பாதி நனைந்து கூட வருகிறவரையும் பாதி நனைய வைப்பார். கால்பந்தாட்டத்தில் எந்தப் பக்கம் கோல் விழுந்தாலும் ஒரே சத்தத்தில் கைதட்டுவார். தினமும் இரண்டு பத்திரிகை வாங்கி, ஒன்றில் படித்ததை இன்னொன்றில் படித்து அழித்துவிட்டு, எதுவுமே தெரியாத நிம்மதியோடு வேலைக்குக் கிளம்புவார். எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு."

அவர் நியாயத்தைத் தேடுகிறார் என்று ஏமாந்துவிடாதீர்கள். அவர் தேடுவது நடுவை. நியாயம் பாட்டுக்கு ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருந்தால் அவர் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மூலையில் உட்காருவது அவருக்குத் தீவிரவாதம்.

யாரோ ஒருவரை வைத்துக் கதை அளக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் சொல்வது என் சகலையைப் பற்றி. என் மனைவியின் அக்கா புருஷன், எதிர்வீட்டுக்காரர், என்னைவிட வயதில் மூத்தவர், சாந்தமானவர், ஈ எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காதவர். கோபப்படவே வழி வைக்காத மனிதர். அதனாலேயே எனக்கு அவர்மேல் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் தெருவில் ஒரு மாடிவீட்டுக் குழாய் உடைந்து கீழ்வீட்டுச் சமையலறைச் சுவரெல்லாம் ஊறிப்போய்ச் சண்டை வந்தபோது பஞ்சாயத்துக்கு இவரைத்தான் கூப்பிட்டார்கள். இரண்டு வீட்டிலும் காபி குடித்தார், இரண்டு வீட்டாரும் சொன்னதைத் தலையாட்டிக் கேட்டார், கண்ணை மூடி யோசித்தார். கடைசியில் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒழுகட்டும் என்று தீர்ப்புச் சொன்னார். எனக்கும் என் மனைவிக்கும் ஒருமுறை பெரிய வாக்குவாதம். சமாதானம் செய்கிறேன் என்று வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சேர்ந்து அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டோம். அந்த வகையில் சமாதானம் ஆகிவிட்டது, மறுக்கவில்லை.

தெருநாய் கடித்த கதையையும் சொல்லிவிடுகிறேன், பிறகு பயன்படும். வலது கெண்டைக்காலில் நல்ல ஆழமான கடி. எங்கள் தெருவிலேயே சுகாதார நிலையம் இருந்ததால் நான் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டே போய் ஊசி போட வைத்தேன். நர்ஸ் கட்டுப் போட்டுக்கொண்டே எந்த நாய் என்று கேட்டார். சகலை வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன பதில்: "அது பக்கத்துல இருந்தும் யோசிக்கணும் சிஸ்டர். நான் அந்த வழியா வந்தது அதுக்கு ஒரு மாதிரியா இருந்திருக்கும்."

சிரித்தோம். இப்படிப்பட்டவர்களைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். அவர்கள் கையில் யாரும் ஸ்கேலைக் கொடுக்காதவரை.

அந்தச் சுகாதார நிலையத்தைப் பற்றித்தான் இப்போது பேச வேண்டும். எங்கள் தெரு நீளமான தெரு. பஸ் ஓட்டுகிறவர்கள், சலவைக் கடையில் நிற்கிறவர்கள், தொழிற்சாலைக்கு ஷிப்ட் மாறி மாறிப் போகிறவர்கள், ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வீடுகளில் இரண்டு வரிசையாக வாழ்கிறோம். எங்கள் வரிசைக்குப் பின்னால் மதில் வைத்த மாளிகைகள். எதிர் வரிசைக்குப் பின்னாலும் அதேபோல் மதில், அதேபோல் மாளிகைகள். தெரு நடுவே அந்தச் சின்னச் சுகாதார நிலையம். என் கடைசிப் பெண்ணுக்கு இளைப்பு உண்டு. மூச்சு இழுக்க ஆரம்பித்தால் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி, முகமூடி மாட்டி மருந்துப் புகை பிடிக்க வைத்து, அவள் முகத்தில் ரத்தம் திரும்புவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். அதை ஆஸ்பத்திரி என்று மற்றவர்கள் சொல்லலாம். எனக்கு அது என் குழந்தையின் உயிர்.

நகராட்சித் தலைவருக்கோ அது கார் நிறுத்தும் இடம். பின்னால் ஒரு பெரிய கடைவளாகம் வரப்போகிறது, கார்கள் எங்கே நிற்கும், பாவம்? மன்றத்தில் அவர் தீர்மானம் கொண்டுவந்தபோதெல்லாம் ஒரே ஓட்டில் தோற்றது. அந்த ஓட்டு எங்கள் வார்டு கவுன்சிலருடையது. பஸ் கண்டக்டராக வேலை பார்த்த பெண். தெருவே அவரைக் கண்டக்டர் அக்கா என்றுதான் கூப்பிடும். மைக் தேவைப்படாத தொண்டை. தலைவர் பேசிக்கொண்டிருக்கும்போது "உள்ள தள்ளிப் போங்க, வழியை மறைக்காதீங்க" என்று பழக்க தோஷத்தில் அதட்டி, அவரும் தன்னை அறியாமல் இரண்டடி தள்ளிப் போனதை நாங்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வோம்.

எங்கள் தெரு ஒன்றாக இருக்கும்வரை அக்காவை அசைக்க முடியாது. தலைவர் என்ன செய்வார்? வாக்காளர்களை மாற்ற முடியாதபோது வார்டை மாற்றுவார். மறுவரையறை வந்தது.

இங்கேதான் நாங்கள் கொஞ்சம் அலட்சியமாக இருந்துவிட்டோம். காரணம், எங்களிடம் ஒரு சட்டம் இருந்தது. வார்டு எல்லையை ஆளுங்கட்சி தன் இஷ்டத்துக்கு வளைக்கக் கூடாது, ஒவ்வொரு ஊரிலும் ஒரு குழு வேண்டும், அதில் ஆளுங்கட்சிக்கு ஒருவர், எதிர்க்கட்சிக்கு ஒருவர், எந்தக் கட்சியும் சாராத பொதுமனிதர் ஒருவர் என்று சட்டசபையில் போராடி வாங்கிய சட்டம். அதற்காக ஊர்வலம் போனது நாங்கள், கோஷம் போட்டது நாங்கள், போலீஸ் வண்டியில் ஏறியது நாங்கள். நல்ல சட்டம்தான், இப்போதும் சொல்வேன். ஆனால் கட்சி சாராதவர் என்றால் எதையுமே சாராதவராக வந்து நிற்பார் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

பொதுமனிதராக என் சகலை பெயரை யார் முதலில் சொன்னார்கள் என்பது ஞாபகமில்லை. தலைவர் தரப்பு உடனே சரி என்றது. எங்கள் தரப்பும், நம் தெருக்காரர்தானே, அவருக்கு ஊசி போட்ட இடம்தானே என்று சந்தோஷப்பட்டது. என் மனைவி மட்டும்தான் முகத்தைச் சுளித்தாள். "அத்தானையா? அவருக்கு 'கூடாது'ங்கற வார்த்தை வாயில வராதே" என்றாள்.

குழு கூடிய அன்று காலை சகலை எங்கள் வீட்டுக்கு வந்தார். வரைபடத்தில் கோடு போடத் தன்னிடம் ஸ்கேல் இல்லை என்று சொல்லி, என் கடைசிப் பெண்ணின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். அவளும் பெருமையாகத்தான் எடுத்துக் கொடுத்தாள்.

தலைவர் அனுப்பிய ஆள் இந்த நடுநிலையாளர் இனத்தைக் கரைத்துக் குடித்தவர். எடுத்த எடுப்பில் எங்கள் தெரு முழுவதையும் பிடுங்கி, ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் உள்ள வார்டில் சேர்க்க வேண்டும் என்று கேட்டாராம். எதிர்க்கட்சி சார்பில் போன எங்கள் ஆள் கொதித்துப்போய், தெரு இருக்கிற இடத்தில் இருக்கிறபடியே இருக்கட்டும் என்றாராம். இவர் முழுத் தெருவும் என்கிறார், அவர் ஒன்றுமே கிடையாது என்கிறார். சகலைக்கு அந்த நிமிடம் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்து பாருங்கள். வாழ்நாள் முழுக்க அவர் காத்திருந்த நிமிடம் அல்லவா? ஸ்கேலை எடுத்தார். தெருவின் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நட்டநடுவில் ஒரே கோடு. எங்கள் வரிசை பின்னாலிருக்கும் மாளிகைகளோடு ஒரு வார்டு. எதிர் வரிசை அதற்குப் பின்னாலிருக்கும் மாளிகைகளோடு இன்னொரு வார்டு. ஆளுக்குப் பாதி.

தலைவரின் ஆள் முதலில் முடியாது என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பிறகு பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொண்டார். மூன்றில் இரண்டு கை உயர்ந்தது, கோடு நிறைவேறியது. வெளியே வராந்தாவில் நின்றிருந்த நான் அவர் போனில் பேசியதைக் கேட்டேன். "பாதி கேட்டிருந்தா கால்வாசிதான் கிடைச்சிருக்கும் தலைவரே. முழுசா கேட்டதாலதான் நமக்கு வேண்டிய பாதி கிடைச்சுது" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பீர்கள். ஒரு டம்ளர் காபியை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு பாதியையும் ஒரு குடம் தண்ணீரில் ஊற்றிப் பாருங்கள். காபி எங்கேயும் போகவில்லை, அப்படியேதான் இருக்கிறது. குடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

அன்று சாயங்காலம் கண்டக்டர் அக்கா நேராகச் சகலை வீட்டுக்கு வந்தார். வழக்கமான தொண்டை இல்லை, மெதுவாகத்தான் பேசினார்.

"அண்ணே, பஸ்ல ஒருத்தன் பர்ஸை அடிச்சிட்டான்னு வைங்க. முழுசும் எனக்குத்தான்னு அவன் சொல்றான், தர முடியாதுன்னு பர்ஸுக்காரர் சொல்றார். நீங்க என்ன பண்ணியிருக்கீங்க? பாதிப் பணத்தை எடுத்து அவன் கையில குடுத்து இறக்கி விட்டிருக்கீங்க."

"பாதி மிஞ்சிச்சே, அதைப் பாரும்மா" என்றார் சகலை.

அக்கா எழுந்து போய்விட்டார். சகலைக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு தரப்பும் தன்மேல் வருத்தமாக இருப்பதால் தான் சரியாகத்தான் செய்திருக்க வேண்டும் என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். தலைவர் தரப்பு வருத்தத்தில் இருக்கவில்லை, பட்டாசு வாங்கப் போயிருந்தது.

தேர்தல் வந்தது. அக்கா எங்கள் வரிசை வார்டில் நின்றார். மதிலுக்குப் பின்னாலிருந்து வந்த ஓட்டில் மூழ்கிப்போனார். எதிர் வரிசை வார்டில் அக்காவின் தம்பி நின்றார். அவருக்கும் அதே கதி. புதிய மன்றத்தின் முதல் கூட்டத்திலேயே சுகாதார நிலையத்தை மூடும் தீர்மானம் வந்தது. எங்கள் தெரு ஆட்கள் கூடிக் கூச்சல் போட்டதும், தலைவர் புன்னகையோடு, பொதுமனிதர் ஒருவர் யோசனை சொல்லட்டும் என்றார். யார் என்று நான் சொல்ல வேண்டுமா? சகலை எழுந்து, இரு தரப்பு மனமும் நோகாதபடி ஒரு வழி சொன்னார். ஆஸ்பத்திரி போகட்டும், பலகை இருக்கட்டும்.

பலகை இருக்கிறது. அதற்குக் கீழே கார்கள் நிற்கின்றன. என் பெண்ணுக்கு இளைப்பு வந்தால் இப்போது இரண்டு பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். பஸ்ஸில் அவள் தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு, சிக்னல் சிக்னலாக நிற்பது எப்படி இருக்கும் என்று எழுத வரவில்லை. எழுதினால் இது கேலிச் சித்திரமாக இருக்காது.

நாய் மறுபடியும் சகலையைக் கடித்தது. இந்த முறை இடது கால். அவரும் இரண்டு பஸ் மாறித்தான் போனார். போகும் வழியெல்லாம், இப்போது இரண்டு காலும் சமமாகிவிட்டது என்று என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தார். கிண்டலாகச் சொன்னதாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட திறமை ஊர் மட்டத்திலேயே நின்றுவிடுமா? போன வாரம் மாநிலத் தலைநகரிலிருந்து அழைப்பு வந்தது. சட்டசபைத் தொகுதிகளை மறுவரையறை செய்யும் குழுவில் கட்சி சாராத பொதுமனிதர் அவர். புதுச் சட்டை போட்டுக்கொண்டு சந்தோஷமாக எங்கள் வீட்டுக்கு வந்து, நேராக என் பெண்ணிடம் போனார்.

"கண்ணு, அந்த ஸ்கேலைக் குடும்மா. பெரியப்பா ஊருக்குப் போறேன்."

முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். கட்டிலில் சாய்ந்தபடியே ஜியாமெட்ரி பாக்ஸை மூடி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"மாட்டேன் பெரியப்பா. போன தடவை குடுத்தேன், ஆஸ்பத்திரி போயிருச்சு."

சகலை நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். பிறகு, "சரி, உன் பக்கம் நியாயம் இருக்கு" என்றார். சொல்லிவிட்டு, வழக்கப்படி இன்னொரு பக்கத்தைத் தேடி என் மனைவியைப் பார்த்தார். அவள் கட்டிலில் பெண்ணின் பக்கம் போய் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தார். நானும் அந்தப் பக்கமே போய் உட்கார்ந்தேன். அவர் முகம் வாடிப்போனதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். இந்த மனிதருக்கு உறைத்துவிட்டது என்றே நம்பினேன்.

போகிற வழியில் கடையில் புது ஸ்கேல் வாங்கிக்கொண்டாராம். பழையதைவிட நீளமாம்.

நிற்க. இதையெல்லாம் படித்துக்கொண்டு வரும்போது, 'என்ன இருந்தாலும் அந்த மனிதர் நல்ல எண்ணத்தில்தானே செய்தார், கார்களும் எங்காவது நிற்க வேண்டும்தானே, தலைவர் பக்கத்தையும் ஒரு வார்த்தை கேட்டு எழுதியிருக்கலாமே' என்று உள்ளுக்குள் ஒரு குரல் கேட்டதா? மிகவும் நிதானமான, எல்லாருக்கும் பிடிக்கிற மாதிரியான குரல்? கேட்டிருந்தால் பதற வேண்டாம். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற குழந்தை இருந்தால், அதனிடம் மட்டும் ரகசியமாகச் சொல்லி, ஸ்கேலை உங்கள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.