ஒரு பிடி வெள்ளைப் பொடி

"இன்னும் அங்கேயேதான் உக்காந்திருக்காங்களா?" என்று கட்டிலுக்கு அடியிலிருந்து டோட்சே கேட்டான்.

ஜன்னல் திரையை ஒரு விரலால் விலக்கிப் பார்த்த அவன் மனைவி ஜிஃபா, "மூணு பேரும் இருக்காங்க. அமேகா பெரியவர் இப்பத்தான் மூக்குப்பொடி போடுறாரு," என்றாள். முதுகில் துணியால் கட்டியிருந்த குழந்தையும் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தது.

"எந்தப் பக்கம் பார்க்குறாங்க?"

"நம்ம வீட்டைத்தான். பின்ன, பக்கத்து வீட்டு எலிகெம் சாரையா பார்ப்பாங்க?"

"பொடிப் பை?"

"மடியில இருக்கு. மூக்குப்பொடி இல்லைங்க, வெள்ளைப் பொடி."

டோட்சே பதறித் தலையைத் தூக்கினான். கட்டில் சட்டம் மண்டையில் இடித்தது.

எங்கள் செவாகோபேயில் மன்னர்கள் இறப்பதில்லை, பயணம் போவார்கள். பழைய மன்னர் பயணம் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. அடுத்தவர் யார் என்பதைப் பெரியவர்கள் கூடி முடிவு செய்வார்கள். முடிவை யாரிடமும் சொல்லமாட்டார்கள், மன்னராகப் போகிறவரிடம்கூட. ஒரு நாள் திடீரென்று அவரைப் பிடித்துத் தோளில் வெள்ளைப் பொடியைப் பூசிவிடுவார்கள். பொடி பட்டால் பட்டதுதான். மாட்டேன் என்று சொல்ல முடியாது, ராஜினாமா செய்ய முடியாது, அழுதாலும் ஆனந்தக் கண்ணீர் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். பொடி படுவதற்கு முன் ஊரைவிட்டு ஓடினால் மட்டும் தப்பிக்கலாம், ஆனால் அப்புறம் ஊர்ப் பக்கம் தலைகாட்ட முடியாது.

மன்னர் பதவி கசக்குமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அவர்கள் ஒரு வாரம் இருந்து பார்க்க வேண்டும். மன்னர் தெருவில் நின்று எதையும் தின்னக் கூடாது. வெறுங்காலோடு மண்ணை மிதிக்கக் கூடாது. ஓடக் கூடாது, சத்தம் போட்டுச் சண்டை போடக் கூடாது. சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டுச் சாவாக இருந்தாலும் சனிக்கிழமை முழுவதும் குடைக்குக் கீழே வியர்த்து உட்கார்ந்திருக்க வேண்டும். முக்கியமாக, மன்னர் வண்டி ஓட்டக் கூடாது.

அந்தக் கடைசி விதிதான் டோட்சேயைக் கட்டிலுக்கு அடியில் தள்ளியது. பாதி ஆயுளுக்கு யார் யாருடைய வேன்களையோ ஓட்டிவிட்டு, இந்த வருடம்தான் சொந்தமாக ஒன்று வாங்கியிருந்தான். பின்பக்கக் கண்ணாடியில் 'பொறாமைப்பட்டுப் பயனில்லை' என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தான். தினமும் தலைநகர் அக்ராவுக்கு ஆள் ஏற்றிப் போவதும், வழியில் பாலத்தருகே அபோலோ என்கிற சோள அப்பமும் பொரித்த பொடிமீனும் வாங்கி ஸ்டீயரிங் மேலேயே வைத்துத் தின்பதும்தான் அவனுக்குச் சொர்க்கம். அந்தச் சொர்க்கத்தை விட்டுவிட்டு யார் சிம்மாசனத்தில் உட்காருவது?

"எங்க கொள்ளுத்தாத்தாவும் ஒரு ராஜாவும் ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பியாம். அதைத் தோண்டி எடுத்துட்டாங்க போல," என்று புலம்பினான். எங்கள் ஊரில் யாரைச் சுரண்டினாலும் அடியில் ஒரு ராஜா வருவார், அது வேறு விஷயம்.

"புலம்பாம வழியைப் பாருங்க," என்றாள் ஜிஃபா. "ராஜாவுக்கு ஒரு பொண்டாட்டி பத்தாதுன்னு இன்னொருத்தியைக் கட்டி வைப்பாங்க. அவ இந்த வீட்டுக்குள்ள வந்தா, அப்புறம் நான் உங்களைப் பயணம் அனுப்பிடுவேன்."

"குடிகாரனை ராஜா ஆக்க மாட்டாங்க இல்ல?"

"மாட்டாங்க. ஆனா நீங்கதான் இருமல் மருந்து குடிச்சாலே தூங்கிடுவீங்களே?"

அன்று மத்தியானம் டோட்சே சாராயக் கடை வாசலில், ஊர் பார்க்க, ஒரு முழுப் புட்டி அக்பெடெஷியோடு உட்கார்ந்தான். பெரியவர்கள் மூவரும் பின்னாலேயே வந்து எதிர்ப்பக்க வேப்பமரத்தடியில் இடம் பிடித்தார்கள்.

மூடியைத் திறந்ததும் அடித்த நெடியில் அவனுக்குக் கண்ணில் நீர் வந்தது. முதல் சொட்டு முன்னோருக்கு. அது வழக்கம். கொள்ளுத்தாத்தாவின் பெயரைச் சொல்லிக் கொஞ்சம் மண்ணில் ஊற்றினான். அடுத்தது தன் முறை. புட்டியை வாய் வரை கொண்டுபோய்க் கீழே இறக்கினான். இன்னொரு முன்னோரின் பெயரைச் சொல்லி இன்னும் கொஞ்சம் ஊற்றினான். குடிப்பதைத் தள்ளிப்போட அதைவிட மரியாதையான வழி கிடையாது. தன் வம்சம் தீர்ந்ததும் ஜிஃபாவின் வம்சத்துக்குப் போனான். அதுவும் தீர்ந்ததும் பழைய மன்னர்களை வரிசையாகக் கூப்பிட்டான். கடைசி மன்னருக்கு ஊற்றும்போது புட்டி காலியாகியிருந்தது.

வேப்பமரத்தடியில் அமேகா பெரியவர் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"முழுப் புட்டி! ஒரு சொட்டுகூட நாக்குல படலை. இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா?"

டோட்சே காலிப் புட்டியோடு வீட்டுக்கு ஓடினான். ஜிஃபா அவன் வாயை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"சரி விடுங்க. சண்டைக்காரனையும் ராஜா ஆக்க மாட்டாங்க. நாளைக்குச் சந்தையில யார்கிட்டயாவது வம்புக்குப் போங்க. சும்மா இருக்கிறவங்க யாரையாவது பார்த்துக் கன்னாபின்னான்னு கத்துங்க."

சந்தையில் அவன் தேர்ந்தெடுத்தது மக்காச்சோளம் விற்கும் அஃபி அக்காவை. அவள் வாய்க்குப் பயந்து போலீஸ்காரர்களே அடுத்த கடையில்தான் சோளம் வாங்குவார்கள். டோட்சே அவள் முன் போய் நின்று, என்ன திட்டுவது என்று தெரியாமல், கண்ணில் பட்டதைப் பிடித்துக்கொண்டான்.

"ஏய்! உன் அளவு டப்பா மோசடி டப்பா! அடி நெளிஞ்சிருக்கு!"

"எவன்டா அவன்? உன் மூஞ்சிதான்டா நெளிஞ்சிருக்கு!" என்று அஃபி அக்கா எழுந்தாள்.

அவள் எழுந்ததுதான் தப்பு. நின்றிருந்த பெண்களில் ஒருத்தி டப்பாவை எடுத்துக் கவிழ்த்தாள். டப்பாவின் அடி ஒரு முழு முஷ்டி அளவுக்கு உள்பக்கமாக நெளிந்திருந்தது. அப்புறம் எழுந்த கூச்சலில் டோட்சேயின் திட்டு யார் காதிலும் விழவில்லை. பெண்கள் அவனைச் சூழ்ந்து, தலையில் கைவைத்து ஆசீர்வதித்து, வீடு வரைக்கும் பாட்டுப் பாடிக் கொண்டுவந்து விட்டார்கள். பெரியவர்கள் மூவரும் அந்த ஊர்வலத்தின் கடைசியில் கைதட்டிக்கொண்டே வந்தார்கள்.

"நாளைக்கு யாரையாவது அடிச்சுப் பார்க்கட்டுமா?" என்றான் டோட்சே பரிதாபமாக.

"வேண்டவே வேண்டாம். அவன் திருடனா இருந்து தொலைப்பான்."

மிச்சமிருந்தது உடல். மன்னருக்கு உடம்பில் ஊனம் இருக்கக் கூடாது. ஜிஃபா கிழிந்த படுக்கை விரிப்பை எடுத்து அவன் இடது காலில் முழங்கால் வரைக்கும் சுற்றிக் கட்டினாள். சாயங்காலம் டோட்சே முகத்தைச் சுளித்துக்கொண்டு, நொண்டியபடி, பெரியவர்களுக்கு முன்னால் இரண்டு தடவை போய்வந்தான். மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அமேகா பெரியவர் அவனைக் கூப்பிட்டு மிகுந்த அக்கறையோடு சொன்னார்.

"காலைப் பத்திரமா பார்த்துக்க, மகனே. நாளைக்கு வேணும்."

டோட்சேக்குப் புரிந்துவிட்டது. அப்படியானால் நாளைக்குத்தான்.

மறுநாள் விடிந்ததும் அவன் பின்பக்க வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டில் புகுந்தான். எலிகெம் சார் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கணக்கு வாத்தியார். அதிர்ந்து பேசாதவர். அண்ணன் தம்பி நிலத்தகராறு என்றாலும் சரி, மாமியார் மருமகள் சண்டை என்றாலும் சரி, இரண்டு தரப்பும் அவர் வீட்டுக்குத்தான் வரும். போகும்போது இரண்டு தரப்பும் சிரித்துக்கொண்டே போகும்.

"சார், என்னைக் காப்பாத்துங்க. இன்னிக்கு என்னைப் பிடிக்கப் போறாங்க."

எலிகெம் சார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் முகத்தில் இரக்கமும் இருந்தது, ஒரு தெளிவும் இருந்தது.

"உள்ள வாங்க தம்பி. உண்மையைச் சொல்லணும்னா, பெரியவங்க இந்தத் தெருவுக்கு வந்தப்போ என்னைத் தேடித்தான் வர்றாங்கன்னு நினைச்சேன். எல்லையைத் தாண்டி டோகோவுக்குப் போயிடலாம்னு பை கூட எடுத்து வச்சேன். அவங்க உங்க வீட்டு முன்னால உக்காந்ததைப் பார்த்த பிறகுதான் மூச்சே வந்துச்சு. பையைப் பிரிச்சுட்டேன்."

"உங்களுக்கு மூச்சு வந்துச்சு, எனக்குப் போயிடுச்சு," என்றான் டோட்சே.

அப்போது முரசு முழங்கியது. ஜன்னல் வழியே பார்த்தால், வாசலுக்கு வெளியே பாதி ஊர் நின்றது. முன்னால் அமேகா பெரியவர். பொடிப் பை திறந்திருந்தது.

"நான் இங்க இருக்கிறதைப் பார்த்துட்டாங்க சார்!"

"பதறாதீங்க. நீங்க பின்பக்கமா ஓடுங்க. நான் வாசல்ல நின்னு பேச்சுக் கொடுத்துப் பார்க்குறேன். என் பேச்சுக்கு ஒரு மரியாதை கொடுப்பாங்க," என்று எலிகெம் சார் கதவைத் திறந்துகொண்டு முன்னால் போனார். நல்ல மனுஷர்.

டோட்சே பின்வாசலில் பாய்ந்தான். "அதோ ஓடுறான்! பிடி, பிடி!" என்று இளவட்டங்கள் கத்தின. மரவள்ளித் தோட்டத்தின் நடுவே, கால் கட்டு அவிழ்ந்து வால் மாதிரி பின்னால் பறக்க, நொண்டலை மறந்து, செருப்பை இழந்து, ஓடினான். கோழிகள் சிதறின. ஒரு ஆட்டைத் தாண்டிக் குதித்தான். காயல் வந்தபிறகுதான் நின்றான், அதுவும் தண்ணீர் மார்புக்கு ஏறியதால்.

திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒருவரும் இல்லை. இளவட்டங்கள் ஆட்டோடு நின்றுவிட்டிருந்தன போலும். தூரத்தில் முரசு வேறு தாளத்துக்கு மாறியிருந்தது. அது கொண்டாட்டத் தாளம்.

சொட்டச் சொட்ட ஊருக்குள் வந்தான். கூட்டத்தின் நடுவே, நான்கு பேர் தோளுக்கு மேலே, கழுத்திலிருந்து மார்பு வரை வெள்ளைப் பொடியோடு, கண்ணாடி கோணலாகத் தொங்க, எலிகெம் சார் உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுக்கப் போனவருக்கு அவர்கள் பொடியைக் கொடுத்துவிட்டிருந்தார்கள். அவர் முகத்தில் ஒரு கணக்கு தப்பாகிப்போன திகைப்பு இருந்தது.

டோட்சேக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப்போய், சிரிப்பு தானாக வந்தது. ஓடிவந்து கட்டிக்கொண்ட ஜிஃபாவும் அழுதுகொண்டே சிரித்தாள். அவன் நேராக மீன்காரியிடம் போய், ஈரச் சட்டையோடு, வெறுங்காலோடு, நடுத்தெருவில் நின்று பொரித்த மீனை வாய் நிறையத் தின்றான். ஜிஃபா முள் எடுத்துக் கொடுத்தாள். மீன் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவனுக்கு அதுவரை தெரியாது.

ஊர்வலம் நகர்ந்ததும், கையிலிருந்த குச்சியால் முதுகைச் சொறிந்தபடி முரசுக்காரர் கோர்க்கு அவன் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னமா ஓடின தம்பி! காயல் வரைக்குமா?"

"உயிர் பிழைச்சேன் அண்ணே. ஆனா ஒண்ணுதான் புரியலை. இத்தனை நாளா என்னைச் சுத்திச் சுத்தி வந்துட்டுக் கடைசி நேரத்துல சாரைப் பிடிச்சுட்டாங்களே. பெரியவங்க மனசு எப்ப மாறிச்சு?"

கோர்க்கு அவன் கையிலிருந்து ஒரு மீனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"மனசு எங்க மாறிச்சு? சாரைத்தான் எப்பவோ முடிவு பண்ணியாச்சே. அவர் ஊரைவிட்டு ஓடாம இருக்கணும்னா, அவர் கண்ணு முன்னால இன்னொருத்தன் பயந்து ஓடணும்ல? ராஜா பதவி மூணு குடும்பத்துக்குள்ள சுத்தி வரும் தம்பி. ஓடுற பதவி பரம்பரையா உங்க வீட்டுக்கு மட்டும்தான். போன தடவை உங்கப்பா தென்னந்தோப்பு வரைக்கும் ஓடினாரு, மகன்கிட்ட மூச்சு விட மாட்டேன்னு சத்தியமும் பண்ணினாரு. வா, நீயும் வந்து சத்தியம் பண்ணு... ஆமா, உன் பையன் எப்ப ஓட ஆரம்பிப்பான்?"