கோழிக்கூட்டுக்குள் ஓர் எல்லைக்கயிறு

கோழிக்கூட்டுக்கு முளை அடிக்க இருந்த ஞாயிற்றுக்கிழமை கொல்லையில் ஆஜரானவர்கள் நால்வர்: சங்கிலிக்காரர், அவர் மனைவி செல்லம்மா அக்கா, வேலிக்கு அந்தப் பக்கம் டீக்கடை அருளப்பன், சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்தபடி நான். வராதவை கோழிகள் மட்டும்தான். வந்திருந்தால் அவற்றையும் வரிசையில் நிறுத்தி அளந்திருப்பார்.

விராலிமலையில் மேலே இருக்கும் முருகனைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அளந்து முடித்த ஒரே மனிதர் சங்கிலிக்காரர். சர்வே இலாகாவில் முப்பது வருஷம் நிலம் அளக்கும் சங்கிலியை இழுத்தவர். ஓய்வு பெற்றபோது ஏலத்துக்கு வந்த பழைய சங்கிலி ஒன்றை வாங்கி, எண்ணெய் போட்டு, பரணில் பத்திரமாக வைத்திருந்தார். நூறு இரும்புக் கண்ணி, அறுபத்தாறு அடி; கண்ணி ஒன்று எட்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. கல்யாணப் பந்தியில் தன் இலைக்கு இரண்டு கண்ணி அகலம் இடம் இல்லையென்றால் அடுத்த பந்திக்குப் போய்விடுவார். சலூனில் எழுந்து நின்று, "இடது கிருதா கால் அங்குலம் ஏறிப் போச்சு" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தவர்.

நான் அப்போது ஒன்றிய அலுவலகத்தில் குமாஸ்தா; அவர் வீட்டு முன்னறையில் குடியிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் என்பதால், அச்சில் வந்ததெல்லாம் சத்தியம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒன்றியத்துக்குக் கோழி வளர்ப்புத் திட்டம் வந்ததும் செல்லம்மா அக்காவின் பெயரைப் பட்டியலில் எழுதியவன் நான்தான். கூடும், கோழி உலாவ அடைப்பும் சரியாக இருந்தால் ஆறு வெள்ளை லெகார்ன் பெட்டைகள் கிடைக்கும். வெள்ளிக்கிழமை அதிகாரி பார்க்க வருவார். கூடு தயாராகவில்லையென்றால் கோழிகள் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

அக்கா அதற்குள் மனத்தளவில் முட்டைகளை விற்றே முடித்திருந்தார். எல்லாம் அருளப்பன் கடை ஆம்லெட்டுக்கு.

"அவுக பென்சன் அவுககிட்டயே இருக்கட்டும் தம்பி. நானா சம்பாரிச்சதுன்னு எங்கையில நாலு காசு வேணும். ஒரு ரவிக்கத் துணிக்குக்கூட அளவு கேக்குறாக."

துண்டுப் பிரசுரத்தை நான் உரக்க வாசித்தேன். கூட்டுக்குள் கோழி ஒன்றுக்கு நாலு சதுர அடி, வெளியே உலாவப் பத்து. சங்கிலிக்காரர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஆறுக்கும் உள்ள இருவத்தினாலு, வெளிய அறுவது. சரி. நெழலு எந்தப் பக்கமுன்னு போட்டிருக்கா?"

"போடலீங்களே அய்யா."

"எழுதுனவன் கோழி வளத்தவன் இல்ல."

மூன்று நாள் கொல்லையிலேயே உட்கார்ந்து, வேப்பமர நிழல் போகும் வழியெல்லாம் சுண்ணாம்பால் கோடு போட்டார். வாசல் உயரம் பார்க்கக் குந்திக்கொண்டு, முழங்கையை இறக்கைபோல் மடக்கி, தானே கோழியாக இரண்டு முறை நடந்தார். மலையிலிருந்து இறங்கி வந்த மயில் ஒன்று அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது.

"ஏங்க, இது கோழிக்குக் கூடா, கலெக்டருக்கு பங்களாவா?" என்றார் அக்கா.

ஞாயிற்றுக்கிழமை முளை அடிக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் அளவை எல்லைக்கல்லிலிருந்துதான் தொடங்குவேன் என்றார். எங்கெங்கோ தோண்டி, கடைசியில் அக்கா கொட்டிவைத்த சாம்பல் குவியலுக்கு அடியில் கல் அகப்பட்டது. வேலிக்கு இரண்டு கண்ணி உள்ளே!

அவர் முகம் மாறியது. வேலிப் பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கும்படி கூவினார்: "அருளப்பா! என் வேலி ஒன் எடத்துல ரெண்டு கண்ணி நிக்குதப்பா!"

"இருக்கட்டுமேண்ணே. அத வச்சு நான் என்ன கப்பலா கட்டப்போறேன்?"

"ஏங்க, மண்ணத் தள்ளி மூடுங்க," என்று அக்கா பல்லைக் கடித்தார்.

"ஊரு கல்லயெல்லாம் தோண்டிக் காட்டுனவன், என் கல்ல மூடுவனா?"

அந்த இரண்டு கண்ணி போனால் அடைப்புக்கு இடம் போதாது. ஒரு பக்கம் கிணறு, மறு பக்கம் அடுப்பங்கரை. "ஒரு கோழியக் கொறச்சுக்குவமா?" என்று கேட்டவர், அக்கா பார்த்த பார்வையில் சங்கிலியைச் சுருட்ட ஆரம்பித்தார். அடுத்தவன் மண்ணில் இலவசமாக முளை அடிக்க அவர் கை வராது. திங்கள் போயிற்று, செவ்வாயும் போயிற்று. அக்கா அடுப்பங்கரையில் பாத்திரங்களோடு மட்டும் பேசினார்.

புதன்கிழமை அருளப்பனே வழி சொன்னான். "சும்மா வேணாமுன்னா ஒண்ணு செய்வம்ணே. எல்லைக்கு அங்கிட்டு போடுற முட்டை எனக்கு. இங்கிட்டு போடுறது அக்காவுக்கு."

சங்கிலிக்காரருக்கு நியாயமாகப் பட்டது. இரண்டே நாளில் கூடு எழுந்தது. அதன் நடுவில், கல்லுக்கு நேராக, சிவப்புச் சாயம் தோய்த்த சணல் கயிறு. கயிற்றுக்கு ஒவ்வொரு புறமும் வைக்கோல் போட்ட ஒரு கூடை. வெள்ளிக்கிழமை வந்த அதிகாரி, "இது எதுக்கு?" என்று கயிற்றைக் காட்டிக் கேட்டார். "நிர்வாக வசதிக்கு" என்று நான் சொன்னேன். கோழிகள் வந்துவிட்டன.

நன்றாகவே முட்டையிட்டன. ஆறும் ஒரே கூடையில். இருட்டான மூலையில் இருந்த அருளப்பன் கூடையில்! இந்தப் பக்கத்துக் கூடை காலியாகக் கிடக்க, அங்கே ஒன்றன்பின் ஒன்றாகக் காத்துநின்று இட்டன. அக்கா தன் கூடைக்கு மேல் சாக்குத் தொங்கவிட்டு இருட்டாக்கினார். கஞ்சி வைத்துக் கெஞ்சினார். ஒன்றும் நடக்கவில்லை. காலையில் சங்கிலிக்காரர் முட்டைகளை எண்ணி வேலிக்கு மேல் நீட்டுவார். அருளப்பன் கூச்சத்தோடு வாங்கிக்கொள்வான். வேண்டாமென்றால் அவர் விடமாட்டார். அக்கா அந்தப் பக்கம் திரும்பாமல் வாசல் தெளித்துக்கொண்டிருப்பார்.

பதினோராம் நாள் காலையில் அக்காவின் கூவல் கேட்டு ஓடினேன். "தம்பி, எம்பக்கம் நாலு முட்டை!"

அருளப்பன் கூடை இருந்த இடத்திலேயே இருந்தது. கயிறுதான் அதைத் தாண்டி மூலைக்குப் போயிருந்தது. சங்கிலிக்காரர் கிணற்றடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நெடுநேரமாகப் பல் விளக்கினார்.

மத்தியானம்வரைகூட அவரால் தாங்க முடியவில்லை. வேலியருகே போய் நின்றார். "அருளப்பா, கயித்த நாந்தான் நகத்துனேன். அவ மொகத்தப் பாக்க முடியல."

அருளப்பன் கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்தான். "இதுக்குத்தாண்ணே பத்து நாளாக் காத்துக்கெடந்தேன். கயிறு நீங்க வச்ச எடத்துலயே இருக்கட்டும். நாளையிலேருந்து முட்டைக்குக் காசு அக்கா கையில."

அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனார். அன்று சங்கிலிக்காரருக்கு அக்கா கையால், பாதி வெங்காயம் கூடுதலாகப் போட்டு, ஓர் ஆம்லெட்.

அந்த இரண்டு கண்ணி நிலத்துக்கு அவர்கள் கொடுத்தது நாற்பத்தொரு முட்டை. கயிற்றை நகர்த்தியதற்குச் சங்கிலிக்காரர் தனக்குத் தானே விதித்துக்கொண்டு அருளப்பனிடம் கட்டிய அபராதம் ஒரு முட்டை. ஆக மொத்தம் நாற்பத்திரண்டு.