கயிற்றண்ணையும் என் பன்னிரண்டு பக்கங்களும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மேடையேறிய அரசர்கள், அசுரர்கள், தேவர்கள் எல்லோரையும்விட அதிகாரம் மிக்க ஒருவர் எங்கள் ஊரில் இருந்தார். அவர் ஒருநாளும் மேடையில் தோன்றியதில்லை. ஒரு வசனம் பேசியதில்லை. முகத்தில் ஒரு பொட்டுச் சாயம் பூசியதில்லை. ஆனால் அவர் நினைத்தால் தேவலோகத்து அரசனையும் பாதி வசனத்தில் வீட்டுக்கு அனுப்புவார். ஏனென்றால் திரை இழுக்கும் கயிறு அவர் கையில் இருந்தது. பெற்றோர் அவருக்கு ஒரு பெயர் வைத்துத்தான் இருப்பார்கள். வாக்காளர் இடாப்பைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதாக எனக்கு நினைவில்லை. ஊருக்கு அவர் கயிற்றண்ணை.

சுன்னாகத்துக்கும் யாழ்ப்பாணப் பட்டினத்துக்கும் நடுவில், கைகாட்டினாலும் பஸ் நிற்காத சின்ன ஊர் எங்களுடையது. ஒரு வீட்டில் மிருதங்கம், அடுத்த வீட்டில் ஆர்மோனியம், அதற்கடுத்த வீட்டில் காவடி கட்டுகிறவர், எதிர்வீட்டில் கோயில் சோடனைக்காரர். கலைஞர் இல்லாத வீடு ஒன்றே ஒன்றுதான். அந்த வீட்டுக்காரர் விமர்சகர்.

வாசிகசாலை ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே ஊருக்குக் காய்ச்சல் பிடித்துவிடும். வெறும் பால்மா ரின்கள் எல்லாம் கிரீடங்களாகும். கொல்லர் கத்திகளை வைத்துவிட்டு வாள் அடிக்கத் தொடங்குவார். வெங்காயம் பிடுங்கிக்கொண்டு நிற்கிறவர் சேனாதிபதிக் குரலில் தண்ணீர் கேட்பார். அவருடைய மனைவியும் கூசாமல் சேடிப்பெண் குரலில் "இதோ, பிரபு" என்று செம்பை நீட்டுவாள்.

அவை போரால் மின்சாரம் நின்றுபோயிருந்த வருடங்கள். மண்ணெண்ணெய் மருந்துபோலக் கிடைத்தது. ஆகவே பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் விடிய விடிய நடந்துவந்த நாடகம், பிற்பகல் மூன்று மணிக்கு மாறிவிட்டது. வெயிலில் அரண்மனைக்குள் ஈயும் இலையானும் பறக்கும். மகாராணி மீசை மழித்த இடம் பச்சையாகத் தெரியும். அத்தனை வெளிச்சத்தில் எங்களிடம் மிஞ்சியிருந்த ஒரே இருட்டு திரைதான். அதனால் கயிற்றண்ணையின் அதிகாரம் இரண்டு மடங்காயிற்று.

தொழிலால் அவர் புகையிலையும் வெங்காயமும் போடுகிற தோட்டக்காரர். திரைக்கு வேண்டிய தும்புக் கயிற்றைத் தானே திரித்து வைத்திருந்தார். விழா முடிந்ததும் அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கவிடுவார். வெள்ளிக்கிழமைகளில் சாமிக்குக் காட்டுகிற சாம்பிராணி கயிற்றுக்கும் ஒரு சுற்று வரும்.

அவருடைய வேலைமுறை உலகத்தில் வேறு எவரிடமும் இருந்திராது. மேடையின் ஓரத்தில் ஒரு முக்காலியைப் போட்டு, நாடகத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சனத்தைப் பார்த்தபடி இருப்பார். ஒருமுறை நான் காரணம் கேட்டேன்.

"நாடகம் பாக்கிறது சனத்தின்ரை வேலை, மாஸ்ரர். சனத்தைப் பாக்கிறது என்ரை வேலை."

"பாத்து என்ன கண்டனீங்கள்?"

"பாக்கிறதைவிடக் கேக்கிறதுதான் கூட. கச்சான் கடலைக் கோது உடைபடுகிற சத்தத்தைக் கேளுங்கோ. அங்கையொண்டு இங்கையொண்டு எண்டால் நாடகம் நல்லாப் போகுது. மழை மாதிரிச் சோவெண்டு கேட்டால் முடிஞ்சுது. பிறகு அந்த மனுசனை மேடையிலை விட்டு வைக்கிறது பாவம்."

இதுதான் கயிற்றண்ணையின் சட்டம். விழா நாளில் கச்சான்கார அக்கா சுளகும் சாக்குமாக வந்து வாசலில் குந்திவிடுவாள். வறுத்த கச்சான் வாங்காமல் எவரும் உள்ளே வருவதில்லை. நாடகம் பிடித்தால் கை கோதின்மேல் அப்படியே நிற்கும். பிடிக்காவிட்டால் வாய் வேலையைத் தொடங்கும். அந்தச் சத்தம் அவர் மனதில் வைத்திருந்த அளவைத் தாண்டியதும் திரை சர்ரென்று வந்துவிடும்.

ஒருமுறை தலைமையுரை இருபதாவது நிமிடத்தில் மூடப்பட்டது. அந்த நேரம் தலைவர் ஒரு கருத்தை வலியுறுத்தக் கையை நீட்டியிருந்தார். தலைவர் உள்ளே, கை வெளியே. அந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் தனியாகக் கருத்தை வலியுறுத்திவிட்டு மெல்ல உள்ளே போனது. இன்னொருமுறை ஓர் அசுரன் சாவதற்கு முன் பதினான்கு பாட்டுப் பாடவேண்டும் என்று அடம்பிடித்தார். ஐந்தாவது பாட்டில் திரை வந்தது. அவர் விழுந்தது திரைக்கு வெளிப்பக்கம். செத்த அசுரன் சனத்துக்கு முன்னால் கொஞ்சம் யோசித்துப் பார்த்துவிட்டு, திரைக்குக் கீழால் தவழ்ந்து உள்ளே போனார். விழாவில் ஆகக் கூடின கைதட்டல் அதற்குத்தான்.

பொம்பர் வந்த நாளையும் சொல்லவேண்டும். போர்க்களக் காட்சியின் நடுவில் விமானச் சத்தம் கேட்டது. அரசனும் பகையரசனும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓட, எல்லோரும் பதுங்குகுழிக்குள் இறங்கினோம். கடைசியாக வந்தவர் கயிற்றண்ணை.

"ஏன் அண்ணை இவ்வளவு நேரம்?"

"திரையை மூடிப்போட்டு வந்தனான்."

"உயிர் போற நேரத்திலையோ?"

"மேடையிலை ஒருத்தரும் இல்லாமல் திரை திறந்து கிடக்கக்கூடாது. அது மரியாதை இல்லை."

இவ்வளவும் மற்றவர்களுக்கு நடந்தவரை நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். பிறகு என் முறை வந்தது.

நான் அப்போது பட்டதாரி ஆசிரியர். வாசிகசாலையின் செயலாளர். போதாததற்கு, ஒரு சரித்திர நாடகம் எழுதி, நானே அரசனாகவும் நடித்தேன். நாட்டை இழந்த அரசன் தனியே நின்று புலம்புகிற கடைசிக் காட்சி, புல்ஸ்காப் தாளில் பன்னிரண்டு பக்கம். கிணற்றடியில், தோட்ட வரம்பில், சைக்கிளில் என்று ஒரு வருடம் பாடமாக்கினேன். மூன்றாம் பக்கத்தில், வாளை உயர்த்தி "ஏ, விதியே, நீ" என்று தொடங்கினேன். விதியை என்ன கேட்கப்போகிறேன் என்று ஊருக்குத் தெரியுமுன் திரை வந்துவிட்டது. என் மூக்குக்கு முன்னால் நீலச் சீலை. அதற்கு அப்பால் மழைபோலக் கச்சான் சத்தம்.

"அண்ணை, என்ன வேலை செய்தனீங்கள்? இன்னும் ஒம்பது பக்கம் கிடக்குது."

"ஒம்பதோ? அப்ப நல்ல நேரத்திலைதான் இழுத்திருக்கிறன்."

"திறவுங்கோ. சனம் எனக்காக எழும்பி நிக்குது."

"வேட்டியிலை கிடக்கிற கோதைத் தட்ட எழும்பினவை, மாஸ்ரர். வந்து தேத்தண்ணி குடியுங்கோ."

நான் குடிக்கவில்லை. அடுத்த கிழமை செயற்குழுவைக் கூட்டினேன். "விழா ஒழுங்கினைச் செம்மைப்படுத்தும் பொருட்டு" என்று தொடங்கும் ஒரு தீர்மானத்தை நல்ல தமிழில் எழுதி நிறைவேற்றினேன். அதன் பொருள், இனிக் கயிற்றண்ணை திரை இழுக்கக்கூடாது என்பது. முப்பது வருடமாக அந்த முக்காலியில் இருந்த மனிதர். அவருக்கு அறிவிக்க நானே போனேன். அவர் சண்டை பிடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவர் உள்ளே போய் ஆணியிலிருந்த கயிற்றைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"இதைக் கொண்டுபோங்கோ, மாஸ்ரர். புதுக்கயிறு கப்பியிலை சிக்கும். இது பழகினது."

நான் நன்றிகூடச் சொல்லவில்லை. கூட்டக் குறிப்பில் "கயிறு பெறப்பட்டது" என்று எழுதினேன்.

அடுத்த வருடம் அதே நாடகத்தை மறுபடி போட்டேன். திரைக்கு என் மைத்துனனை நிறுத்தி, நான் காலால் உதைத்தால் மட்டும் இழு என்று சொல்லிவைத்தேன். மூன்றாம் பக்கம் போனது. நான்காம் பக்கம் போனது. ஒரு சத்தம் இல்லை. ஏழாம் பக்கத்தில் எனக்கே பயமாயிருந்தது. சனம் இருக்கிறதா என்று கண்ணைச் சாய்த்துப் பார்த்தேன். இருந்தது. வாயையும் கையையும் கட்டிக்கொண்டு, என்னையே பார்த்துக்கொண்டு இருந்தது. பன்னிரண்டாம் பக்கத்தில் விதியை முற்றாகத் தீர்த்துவிட்டுக் காலை உதைத்தேன். சனத்திடம் அப்படி ஓர் உற்சாகத்தை என் கலியாண நாளிலும் நான் கண்டதில்லை.

கிரீடத்தைக் கழற்றாமலே இறங்கிப் போனேன். கயிற்றண்ணை எல்லோருக்கும் பின்னால், வேப்பமரத்தடியில், ஒரு பெரிய சாக்கின்மேல் குந்தியிருந்தார்.

"கண்டியளோ அண்ணை? ஒரு கோது உடைஞ்சதோ?"

"இல்லை, மாஸ்ரர். ஒண்டும் உடையேல்லை."

"பன்னிரண்டு பக்கமும் கேட்டவை."

"ஓம். நானும் கேட்டனான். கடைசிப் பக்கம் வடிவாயிருந்தது." கொஞ்சம் தயங்கினார். "மாஸ்ரர், வாற வருசம் கயித்தை ஒருக்கா என்னட்டைத் தருவியளோ? உங்கடை நாடகத்துக்கு வேண்டாம். மற்றவையின்ரைக்கு."

"சனம் மாறியிட்டுது, அண்ணை. உங்கடை கச்சான் சட்டம் இனிச் சரிவராது. இண்டைக்கு உங்கடை கண்ணாலை கண்டனீங்கள் எல்லே?"

அவர் ஓம் என்று தலையாட்டினார். சாக்கை விட்டு எழும்பவில்லை. அரசன் முன்னால் நிற்கிறேன், எழும்பக்கூட இல்லையே என்று எனக்கு உள்ளுக்குள் கோபம்.

தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்க, எங்கள் ஊர் இருந்த வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே நாளில் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. நாங்கள் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் எட்டுக் குடும்பத்தோடு இருந்தோம். அந்த விறாந்தையில் ஒருநாள் கச்சான் வறுக்கும் மணம் வந்தது. போய்ப் பார்த்தால் எங்கள் ஊர்க் கச்சான்கார அக்கா.

"வாங்கோ, மாஸ்ரர். உங்கடை நாடகம் போட்ட அண்டைக்கு நடந்தமாதிரி ஒரு வியாபாரம் எனக்குப் பிறகு நடக்கவேயில்லை."

"என்ன பகிடி விடுறீர்? அண்டைக்கு ஒருத்தரும் கச்சான் தின்னேல்லையே."

"எப்பிடித் தின்னிறது? சனம் வர முன்னமே கயித்தண்ணை ஒரு கடகம் வெங்காயத்தைத் தந்துபோட்டு, கச்சானைச் சாக்கோடை தூக்கிக்கொண்டு போயிட்டார். 'மாஸ்ரர் வருசம் முழுக்கப் பாடமாக்கினவர், பாவம், ஒருக்காச் சொல்லி முடிக்கட்டும்' எண்டவர். நீங்கள் சொல்லி முடியுமட்டும் அதுக்கு மேலையெல்லே குந்தியிருந்தவர். அசைஞ்சால் நொறுநொறுக்கும் எண்டு பயம் அவருக்கு."

நான் விறாந்தையில் அப்படியே இருந்துவிட்டேன். அந்தச் சாக்கு அவருடைய வீட்டில் ஒளிந்து கிடக்கவில்லை. என் முன்னால்தான் இருந்தது. அன்று அவர் அதன் வாயை அவிழ்த்து வைத்திருந்தாலே போதும். மூன்றாம் பக்கத்தில் மழை பெய்திருக்கும். ஊரே கயிற்றை அவர் கையில் திருப்பிக் கொடுத்திருக்கும். கயிறு வேண்டும் என்று கேட்ட நேரத்திலும், சாக்கில் என்ன இருக்கிறது என்று அவர் வாய் திறக்கவில்லை. கிரீடத்தோடு நின்ற எனக்குத்தான் அவர் எழும்பாதது குறையாகத் தெரிந்தது.

இரண்டு நாள் சைக்கிளில் அலைந்து, ஒரு தென்னந்தோட்டத்தில் கொட்டில் போட்டிருந்த அவரைப் பிடித்தேன். அந்தக் கிழமைதான் பள்ளிக்கூடத்தில் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு கலைநிகழ்ச்சி ஒழுங்கு செய்திருந்தோம். முகாமே துள்ளிக்கொண்டிருந்தது. எட்டு வகுப்பறைகளிலும் ஒத்திகை. தாய்மார் கொண்டுவந்திருந்த நல்ல சேலைகள் நான்கைச் சேர்த்துத் தைத்துத் திரையாக்கியிருந்தார்கள். கயிறு மட்டும் இல்லை. உண்மையில் இருந்தது. ஊரை விட்டு வரும்போது வாசிகசாலை அலுமாரியிலிருந்த அந்தக் கயிற்றால்தான் என் ரங்குப்பெட்டியைச் சைக்கிளில் கட்டியிருந்தேன். அது முடிச்சோடு இன்னும் சைக்கிள் கரியரில் கிடந்தது. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆர் இந்த முடிச்சைப் போட்டது?"

"நான்தான்."

"அதுதானே பாத்தன்."

மற்றபடி ஒன்றும் கேட்கவில்லை. பல்லால் முடிச்சை அவிழ்த்துக்கொண்டு சைக்கிளில் என் பின்னால் ஏறிவிட்டார்.

வரவேற்புரை என்னுடையது. எல்லோருக்கும் முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்பதென்று முடிவெடுத்து, இரவல் வாங்கின கொப்பியில் நான்கு பக்கம் எழுதியிருந்தேன். முதல் பக்கத்தில் கலையின் தோற்றம். இரண்டாம் பக்கத்தில் அதன் வளர்ச்சி. மன்னிப்பு நான்காம் பக்கத்தில் இருந்தது. வாசலில் அக்காவின் வியாபாரம் வெகு சிறப்பாக நடந்துகொண்டிருந்தது. நான் வளர்ச்சியை எட்டும்போது கச்சான் மழை தொடங்கிவிட்டது. நாலு நிறச் சேலையும் சர்ரென்று வந்து என் முகத்தை மூடின.

"அண்ணை, முக்கியமானதை நான் இன்னும் சொல்லேல்லை."

"முக்கியமானதை முதல் சொல்லவேணும், மாஸ்ரர். தள்ளுங்கோ, பிள்ளையள் ஆடட்டும்." பிறகு மடியிலிருந்து ஒரு பிடி கச்சானை எடுத்து என் கையில் வைத்தார். "இந்தாங்கோ, தின்னுங்கோ. சத்தம் போடாமல் தின்னுங்கோ."

அடுத்த வருடம் அவர் வன்னிக்குப் போனார். நான் கொழும்புக்கு வந்தேன். பல வருடங்களுக்குப் பிறகு எனக்குக் கிடைத்தது அவர் காலமாகிவிட்டார் என்ற செய்திதான். நான்காம் பக்கம் கொப்பியிலேயே நின்றுவிட்டது.

இந்த முறையும் முக்கியமானதைக் கடைசியில்தான் சொல்கிறேன். நான் செய்தது பிழை. அன்று என் பன்னிரண்டு பக்கத்துக்கும் கிடைத்த மௌனம் நீங்கள் எனக்குத் தந்தது.

அவ்வளவுதான், அண்ணை. இனி இழுங்கோ.