மாதக் காசு கேட்காத பெட்டி

"மாதம் மாதம் காசு கேக்காத பெட்டி ஒண்டு எடும், தம்பி," என்றார் நோர்மன் மாஸ்ரர்.

சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில் ரீவிச் சாமான் கடை வைத்திருக்கும் கனிசியஸ் மூன்று றிசீவர் பெட்டிகளை எடுத்து மேசையில் வைத்தார்.

"எந்தச் சனல் பாக்கப் போறியள், மாஸ்ரர்?"

அந்த ஒரு கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் முப்பத்திரண்டு வருடம் பௌதிகம் படிப்பித்த மனிசனிடம் கடைக்காரர் கேள்வி கேட்கலாமா? மாஸ்ரர் கொப்பியைத் திறந்தார். அதில் அடிமட்டம் வைத்து ஐந்து நிரல்கள் கீறியிருந்தார்.

"கேள்வியை நான் கேக்கிறன். நீர் பதிலைச் சொல்லும்."

இந்த மாஸ்ரர் நான்தான் என்று ஊரில் சிலர் கதைக்கிறார்கள். நான் மறுக்கப்போவதில்லை. 'அவர்' என்று எழுதினால் வெட்கம் கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். மாஸ்ரரின் ஒரே மகள் அபிகாயில் லண்டனில் இருக்கிறாள். நேரில் கண்டு நாலு வருடம். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சபையின் ஆராதனையை ஒரு கிறிஸ்தவச் சனல் நேரடியாகக் காட்டுகிறது. அதில் அவள் தனியே பாடுகிறாள். அங்கே பதினொன்றரை, இங்கே பின்னேரம் நாலு மணி. சனல் வானத்தில் சும்மா வருகிறது. டிஷ் ஒன்று கூரையில் ஏற்கனவே இருக்கிறது. சரியான பெட்டி ஒன்றுதான் குறை.

மனைவி தேவமலர் அதற்கு முதலே ஒரு வழி சொல்லிப் பார்த்திருந்தார்.

"இஞ்சருங்கோ, அந்த ஆராதனை ஃபோனிலையும் வருமாம், அதை அப்பிடியே எங்கடை ரீவிக்கு அனுப்பலாமாம். அபி சொல்லித் தந்தவள்."

"ஃபோனுக்கு மாதக் காசு கட்டிறேல்லையோ?"

"அதுதான் கட்டியாச்சே."

"அது கதைக்கிறதுக்குக் கட்டினது. என்ரை பிள்ளையைப் பாக்கிறதுக்கு நான் ஒருத்தனுக்கும் மாதக் காசு கட்டமாட்டன்."

தேவமலர் அடுப்படிக்குத் திரும்பினார். நாற்பது வருட அனுபவம்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மாஸ்ரர் ஒரு துண்டு எழுதி ஊர்ப் போதகரிடம் கொடுத்து, ஆராதனை முடிவில் அறிவித்தலாக வாசிக்கவும் வைத்துவிட்டார். 'வரும் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நோர்மன் மாஸ்ரர் இல்லத்தில், கட்டணமற்ற முறையில், நேரடி ஒளிபரப்பு. யாவரும் வருக.' அப்போது பெட்டி கடையில் இருந்தது. எந்தக் கடை என்றுகூட அவருக்குத் தெரியாது.

கனிசியஸின் கடையில் ஒரு மணித்தியாலம் விசாரணை நடந்தது. எது நினைவில் வைக்கும், எது பதிவு செய்யும், எதன் றிமோட்டில் பொத்தான் அதிகம். கடைசியில் ஆறாயிரம் சனல் பிடிக்கும் பெட்டி வென்றது.

"ஆறாயிரத்துக்குள்ளை அது ஒண்டு இல்லாமல் போகுமோ?" என்றார் மாஸ்ரர்.

வீட்டுக்கு வந்து பூட்டியதும் ஒட்டக ஓட்டம் வந்தது. கம்பளம் விற்கிறவர் வந்தார். தெரியாத பாஷையில் ஒரு அம்மா கத்தரிக்காய் பொரித்தார். தேடிய சனலின் பெயரும் வந்தது. பெயருக்குக் கீழே படம் மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது.

"இரவு போலை," என்றார் தேவமலர்.

"லண்டனிலை இப்ப பகல்."

அடுத்த நாள் கனிசியஸ் பெட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"மாஸ்ரர், உது பழைய மாதிரிப் பெட்டி. அந்தச் சனல் புது முறையிலை வருது. அதுக்குத்தான் எந்தச் சனல் எண்டு முதலே கேட்டனான்."

"நீர் கேட்டது சரி. கேட்ட நேரம்தான் பிழை," என்று சொல்லிவிட்டு மாஸ்ரர் புதுப் பெட்டியோடு வந்தார்.

இந்தப் பெட்டி நல்ல பெட்டி. அதில் ஒரு குறையும் சொல்லமுடியாது. சனலுக்கு டிஷ் இன்னும் மேற்கே சரியவேண்டும், சரித்தால் முற்றத்துக் கறுத்தக்கொழும்பான் மாமரம் மறைக்கும் என்பது பெட்டியின் குற்றம் இல்லையே.

"ஒரு கொப்புத்தான்," என்றார் மாஸ்ரர், கத்தியோடு.

"அந்த மரத்திலை கை வைச்சால் நான் நாளைக்கே லண்டனுக்குப் போறன். பிறகு ரெண்டு பேரையும் ரீவியிலை பாருங்கோ."

கத்தி உள்ளே போனது. டிஷ் வளவின் பின்பக்கம், கார் இல்லாத கராஜின் மொட்டைக் கூரைக்குப் போனது. அங்கே மரம் மறைக்காது. ஆனால் வயர் எட்டாது. மாஸ்ரர் நீள வயர் வாங்கினார்.

"நான் வந்து பூட்டித் தாறன், மாஸ்ரர்," என்றார் கனிசியஸ்.

"எனக்குப் பூமியின்ரை ஆரை எத்தினை கிலோமீற்றர் எண்டே தெரியும், தம்பி."

வயரை நிலத்தில் விட்டால் மழை படும், மேலே விட்டால் காகம் இருக்கும். யோசித்து யோசித்து, பக்கத்து வீட்டு லூர்த்தம்மாவின் பக்கமுள்ள கிளுவை வேலியோடு கட்டினார். அழகாக, இலைகளுக்குள் மறைத்து, முழத்துக்கு ஒரு முடிச்சு. வேலிக்கு அந்தப் பக்கம் லூர்த்தம்மாவின் ஆடு நின்று ஒவ்வொரு முடிச்சையும் கவனமாகப் பார்த்தது.

பாகைமானி, நூல்குண்டு, திசையறிகருவி எல்லாம் கூரைக்கு ஏறின. மூன்று நாள் கணக்குப் பார்த்தும் சனல் வரவில்லை. சனிக்கிழமை ஏணியில் கால் வழுக்கி, விழாமல் இருக்க டிஷ்ஷை எட்டிப் பிடித்தபோது, உள்ளேயிருந்து தேவமலர் கூப்பிட்டார்.

"வந்திட்டுது அப்பா, வந்திட்டுது."

கொப்பியில் 'கணிப்பு சரி' என்று மாஸ்ரர் எழுதினார்.

ஞாயிற்றுக்கிழமை சோளகக் காற்று எழும்பியது. டிஷ்ஷின் நட்டு ஒன்று புரி தேய்ந்து சுற்றியது. காற்று அடிக்க டிஷ் தலையை ஆட்டியது, தலையை ஆட்ட சனல் போனது. கையால் பிடித்தால் மட்டும் கண்ணாடி மாதிரிப் படம் வந்தது. மூன்று மணிக்கு மாஸ்ரர் பிடிக்க, தேவமலர் உள்ளே நின்று பார்த்து உறுதிப்படுத்தினார். கடை பூட்டு. நட்டுக்கு வழியில்லை.

மூன்றேகாலிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இருபது கதிரை போதவில்லை. முன்வரிசையில் மார்க்கண்டு வந்து அமர்ந்தார். ஓய்வுபெற்ற தபால் அதிபர். மாதம் மாதம் காசு கட்டி ரீவி பார்ப்பவர். எந்தக் கூட்டத்திலும் மாஸ்ரருக்கு எதிர்க்கட்சி.

"படம் வருமோ மாஸ்ரர், அல்லது செபம் மட்டுமோ?"

இன்றைக்குப் படம் வராவிட்டால் சாகும்வரை இந்த ஆள் விடமாட்டார் என்று மாஸ்ரருக்குத் தெரியும். பின்கதவால் ஏணியடிக்கு ஓடினார். தேவமலர் பின்னாலே வந்தார்.

"வேறை ஆரையும் பிடிக்கச் சொல்லுங்கோவன். நீங்கள் பிள்ளையைப் பாக்க வேண்டாமே?"

மாஸ்ரர் ஏணியின் மூன்றாம் படியில் நின்றார். பார்க்கவேண்டும்தான். நாலு வருடமாக அதைத் தவிர வேறு ஆசை இல்லை.

"வேறை ஆள் பிடிச்சால் ஒரு பாகை மாறும். நீர் பாரும். எனக்குக் குரல் கேக்கும்தானே."

சொல்லிவிட்டு ஏறிவிட்டார். கூரைச் சீமெந்து கொதித்தது. மேற்கு வெயில் நேரே முகத்தில். இரண்டு கையாலும் டிஷ்ஷைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாஸ்ரர் உட்கார்ந்தார்.

"வருதோ?" என்று கேட்டார்.

பதில் இல்லை. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி கேட்டார். அப்போதும் இல்லை. நாலு மணிக்குக் கொஞ்சம் முந்தித்தான் தேவமலர் பின்கதவடிக்கு வந்தார். மூச்சு வாங்கியது.

"வருது. நல்லா வருது. கொஞ்சமும் அசையாதேங்கோ."

நாலு மணிக்கு உள்ளே ஓர்கன் ஒலித்தது. பிறகு ஆராதனை. பிறகு ஒரு குரல். சின்ன வயதில் இதே கராஜுக்குள் நின்று எதிரொலி கேட்கப் பாடிய அதே குரல். மாஸ்ரருக்குக் கண் நிறைந்தது. துடைக்கக் கை இல்லை. துடைத்தால் படம் போய்விடும். பிள்ளை பாடுகிறாள், தகப்பன் அசையக்கூடாது. மூக்கும் ஒழுகியது. அதையும் அப்படியே விட்டார்.

திடீரென்று குரல் நின்றது.

"மாஸ்ரர், படம் நிண்டுபோச்சு," என்று யன்னலால் மார்க்கண்டுவின் குரல் வந்தது. அதில் ஒரு சந்தோஷம் இருந்தது.

மாஸ்ரர் மூச்சை அடக்கினார். டிஷ்ஷை இடப்பக்கம் ஒரு நூலளவு திருப்பினார். குரல் விட்ட இடத்திலிருந்து திரும்ப வந்தது.

"வந்திட்டுது," என்றார் மார்க்கண்டு, தளர்ந்துபோய்.

முப்பத்திரண்டு வருடப் படிப்பிப்பில் இவ்வளவு துல்லியமான பரிசோதனை ஒன்றை மாஸ்ரர் செய்ததில்லை.

எல்லாம் முடிந்து இறங்கி வந்தபோது ஆட்கள் எழுந்து கை தட்டினார்கள். சிலர் கண் துடைத்தார்கள். மார்க்கண்டு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பளிங்கு மாதிரி இருந்தது மாஸ்ரர். எனக்கு வாற ரீவி இப்பிடி இல்லை. என்ன பெட்டி உது?"

"சும்மா போய் வாங்கேலாது. தெரிஞ்சு எடுக்கவேணும்," என்று மாஸ்ரர் கொப்பியைத் திறந்து ஐந்து நிரலையும் விளங்கப்படுத்தினார். மார்க்கண்டு ஒரு பழைய கடித உறையின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டு போனார். அந்தக் காட்சிக்காக இன்னொரு மணித்தியாலமும் டிஷ்ஷைப் பிடிக்க மாஸ்ரர் தயாராக இருந்தார்.

ஆட்கள் போன பிறகு தேவமலர் தேத்தண்ணி கொண்டுவந்தார். மாஸ்ரரின் உள்ளங்கைகளில் டிஷ்ஷின் விளிம்பு சிவப்பாகப் பதிந்திருந்தது. தேவமலர் அதற்கு எண்ணெய் பூசினார். முகத்தைப் பார்க்கவில்லை.

"கண்டீரோ? ஃபோனாலை பாப்பம் எண்டனீர்," என்றார் மாஸ்ரர்.

"ஓமோம்," என்றார் தேவமலர். "எனக்கு என்ன தெரியும்."

சுவரோரம் அவருடைய ஃபோன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"பிள்ளை மெலிஞ்சு போனாளோ?"

"இல்லை. வடிவாய் இருக்கிறாள். இரவைக்கு உங்களுக்கும் காட்டிறன்."

எப்படிக் காட்டுவார் என்று கேட்க மாஸ்ரருக்குத் தோன்றவில்லை. தேவமலர் கோப்பையோடு குசினிக்குப் போக, அவர் பின் விறாந்தையில் அமர்ந்து கொப்பியின் கடைசிப் பக்கத்தில் 'முடிவு' என்று எழுதி அடிக்கோடு போட்டார். 'கட்டணமற்ற பெட்டியே சிறந்தது. நிரூபிக்கப்பட்டது.'

அப்போது பின் படலையைத் திறந்துகொண்டு லூர்த்தம்மா வந்தார். ஒரு கையில் ஆட்டுக் கயிறு. மற்றக் கையில், இரண்டு முனையும் சப்பி நைந்த ஒரு முழ வயர்.

"கோவிக்காதேங்கோ மாஸ்ரர், மூண்டரைக்கே என்ரை ஆடு கிளுவையோடை உங்கடை வயரையும் திண்டிட்டுது, ஓடிவந்து தேவமலரக்காட்டைச் சொன்னனான், அவதான் 'ஆக்களுக்கு முன்னாலை அவர் தலைகுனியக் கூடாது, நான் ஃபோனாலை போடுறன், எல்லாரும் போகுமட்டும் நீ வாய் திறவாதை' எண்டவ."