அப்ஜெக்‌ஷன் சாமியும் மூன்றாவது இரும்பு மனிதனும்

அரசு அலுவலகக் கட்டடத்தின் மொட்டை மாடியில், பராமரிப்புப் பிரிவின் எழுத்து மூலமான முன் அனுமதி இல்லாமல் எந்த ஊழியரும் ஏறக் கூடாது. இது விதி. திருவனந்தபுரத்தில் நான் வேலை பார்த்த தணிக்கை அலுவலகத்தில் இதை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். மற்றவர் அதை மீறியவர்.

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் அவர் அப்ஜெக்‌ஷன் சாமி. அந்த ஊரில் அவருடைய ஆட்சேபத்துக்கு ஆளாகாமல் தப்பியது கடல் ஒன்றுதான். அதுவும் அவர் சங்குமுகம் பக்கம் போகாததால்.

வலியசாலையில் அவர் வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிறவர்கள் வாசலிலேயே கொடுத்துவிட்டு ஓடுவார்கள். உள்ளே போய் உட்கார்ந்தால் சிவப்பு மையில் திருத்தி, மறுபதிப்புக்குத் திருப்பிக் கொடுப்பார். அலுவலகக் கேன்டீன்காரரிடம், வடையின் நடுவில் துளை போட ஒப்பந்தத்தில் எங்கே அனுமதி இருக்கிறது என்று கேட்டார். இதையெல்லாம் மற்றவர்களுக்கு மட்டும் செய்தால் அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போகலாம். கொச்சிக்குத் தணிக்கைக்குப் போய் வந்தபோது தன்னுடைய பயணப்படி பில்லுக்குத் தானே ஆட்சேபம் எழுதினார். தானே விளக்கம் கொடுத்தார். விளக்கம் திருப்தியாக இல்லை என்று தானே நிராகரித்தார்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு ஹிந்தி பரீட்சைகள் உண்டு. எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் அந்தச் சுற்றறிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறந்துபோனோம். சாமி மட்டும் எல்லாப் பரீட்சையும் எழுதித் தேறினார். அதனால்தான் இந்தக் கதையே நடந்தது.

எண்பதுகளின் நடுவில் எங்கள் ஊழியர் மன்றத்துக்கு ஒரு டெலிவிஷன் வந்தது. மரப்பெட்டிக்குள் இருக்கும், பெட்டிக்குக் கதவு, கதவுக்குப் பூட்டு, சாவி மன்றச் செயலாளர் சுகுமாரன் நாயரின் அரைஞாணில். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வெளிநாட்டுக் கார்ட்டூன் தொடரை ஹிந்தியில் போடுவார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு அலுவலகமே வந்து உட்காரும்.

தொடர் இதுதான். வீட்டளவு உயரமான இரும்பு மனிதர்கள் ஓட்டப் பந்தயம் ஓடுவார்கள். ஒவ்வொன்றின் நெஞ்சுக்குள்ளும் ஓர் ஓட்டுநர் உட்கார்ந்திருப்பான். ஓர் அணிக்கு மூன்று இயந்திரம். முதல் ஆள் எவ்வளவு வேகமாக வந்தாலும் பயனில்லை. அணியின் மூன்றாவது இயந்திரம் எல்லைக்கோட்டைத் தாண்டும் நேரம்தான் கணக்கு.

முதல் வாரம் கேரம் பலகையைத் தணிக்கை செய்ய வந்த சாமி, இந்த விதியைக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஓய் பிள்ளைவாள்," என்றார் என்னிடம். "ஒழுங்கா எழுதின ரூல்னு நான் பார்த்தது இது ஒண்ணைத்தான். முன்னாடி ஓடறவன் கெட்டிக்காரனா இருந்தாப் போறாது. பின்னாடி வரவன் வந்து சேரணும்."

அன்றிலிருந்து அவர்தான் எங்களுக்கு மொழிபெயர்ப்பாளர். நாயர் கேட்பார்: "சாமி, அந்த மஞ்ஞக்காரன் எந்தா பறயுன்னது?"

"தன்னுடைய இடது முழங்காலில் எண்ணெய்க் கசிவு இருப்பதாகவும், மேல் நடவடிக்கை கோருவதாகவும் சொல்றான்."

"அவன் இத்தனை நேரம் அழுதுகொண்டல்லே பறஞ்ஞது?"

"அழுததும் கசிவிலே அடக்கம்."

கடைசி எபிசோடில் மஞ்சள் அணிக்கும் நீல அணிக்கும் இறுதிப் பந்தயம். மஞ்சள் அணியின் முதல் இரண்டு இயந்திரங்களும் கோட்டைத் தாண்டிவிட்டன. மூன்றாவது பழைய மாடல். கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் முழங்கால் முறிந்து விழுந்தது. முன்னால் போன இரண்டும் நின்றன, திரும்பின, தாங்கள் தாண்டிய கோட்டையே மறுபடியும் தாண்டிப் பின்னால் ஓடின. நடுவர் கையைத் தூக்கினார்.

"பந்தயம் முடிச்சவன் மறுபடி மைதானத்துக்குள்ளே வரலாமா?" என்றார் சாமி. "இதுக்கு ரூல் என்ன சொல்றது?"

அந்த நொடியில் காற்றடித்தது. மொட்டை மாடியில் ஆண்டெனா திரும்பியது. திரை முழுக்க வெள்ளைப் புள்ளி.

நாங்கள் எல்லோரும் "அய்யோ" என்று சொல்லி முடிப்பதற்குள் சாமி படிக்கட்டில் இருந்தார். நான் பின்னால் ஓடினேன். மாடிக் கதவில் பராமரிப்புப் பிரிவின் அரக்கு முத்திரை வைத்த காகிதம் ஒட்டியிருந்தது. வாழ்நாள் முழுக்க முத்திரைகளுக்கு மரியாதை செய்தவர் அதை ஒரே இழுப்பில் கிழித்தார். நான் படிக்கட்டிலேயே நின்றுகொண்டேன். படிக்கட்டில் நிற்பதற்குத் தடை எதுவும் இல்லை.

மேலே சாமி, நடுவில் நான், கீழே நாயர்.

"இப்போ?" என்பார் சாமி. "நாயரே, இப்போ?" என்பேன் நான். "வந்நு, வந்நு... போயி," என்பார் நாயர். கடைசியில் சாமி ஆண்டெனாக் குழாயை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்ததும் கீழிருந்து ஒரு சத்தம்: "அனங்கல்லே சாமி, அனங்கல்லே! அங்ஙனே நில்லுங்கோ!"

அவர் அசையவில்லை. கையை எடுத்தால் படம் போய்விடும். கீழே கைதட்டினார்கள், பிள்ளைகள் கத்தினார்கள், பிறகு திடீரென்று எல்லோரும் அமைதியானார்கள். சாமி உள்ளங்கை முழுக்கத் துருவோடு இறங்கி வந்தபோது சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன ஆச்சு?"

"மூணு பேரும் சேர்ந்நு கோடு தாண்டி சாமி. மஞ்ஞ ஜெயிச்சு," என்றார் நாயர்.

"இல்லை, ஜட்ஜி செவப்புக் கொடி காட்டினார்," என்றார் டைப்பிஸ்ட் கோமளம். "அப்புறம் ரொம்ப நேரம் பேசினார்."

"என்ன பேசினார்?"

"ஹிந்தி பேசினார்."

சாமி சுவரில் சாய்ந்துகொண்டார். அந்தக் கட்டடத்தில் ஹிந்தி தெரிந்த ஒரே மனிதர், தீர்ப்பு சொன்ன நேரத்தில் ஆண்டெனாவைப் பிடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்திருக்கிறார். தொடரும் அதோடு முடிந்தது. அடுத்த ஞாயிறு அந்த நேரத்தில் எருமை வளர்ப்பு காட்டினார்கள்.

திங்கட்கிழமை பராமரிப்புப் பிரிவிலிருந்து புகார் வந்தது. முத்திரை கிழிந்திருக்கிறது. நிர்வாகப் பிரிவின் கண்காணிப்பாளர் நான். மெமோவை நானே தயாரித்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சாமிக்கு ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தால் தற்காலிகப் பென்ஷன்தான் கிடைக்கும். பணிக்கொடையை நிறுத்தி வைப்பார்கள். பணிக்கொடை வந்ததும் வீட்டுக் கூரைக்குப் புது ஓடு போடுவதாக அவர் வீட்டு மாமிக்குச் சொல்லி வைத்திருந்தார்.

எங்கள் மேலதிகாரியான டெபுடி விஜயவாடாக்காரர், சின்ன வயது, நல்ல மனிதர். "வருந்துகிறேன் என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள், முடித்துவிடுகிறேன்," என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் போய்ச் சொன்னேன்.

"வருந்தறேன்னு எப்படி எழுதறது ஓய்? நான் வருந்தலையே."

"எழுதுறதுக்கு வருந்தணும்னு ரூல் இல்லையே சாமி."

"பொய் விளக்கம் கொடுக்கறது தனிக் குற்றம்." அவர் ஏற்கனவே எழுதி வைத்திருந்த விளக்கத்தை நீட்டினார். அதன் சாரம்: கோட்டைத் தாண்டியவர்கள் விழுந்தவனுக்காகத் திரும்பி வந்தது தவறு என்று நடுவர் தீர்ப்புச் சொல்லியிருந்தால், மன்றத்தில் இருந்தவர்களுக்காக நான் விதியை மீறி மாடி ஏறியதும் தவறு, ஒப்புக்கொள்கிறேன். தவறில்லை என்று சொல்லியிருந்தால் மெமோவைத் திரும்பப் பெற வேண்டும். டெலிவிஷன் நிலையத்துக்கு எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை முடிவைத் தள்ளி வைக்கவும்.

டெபுடி இரண்டு முறை படித்தார். "இவர் சீரியஸாகத்தான் எழுதியிருக்கிறாரா?"

"வேறு மாதிரி எழுத அவருக்குத் தெரியாது சார்."

நிலையம் கடிதத்தை டில்லிக்கு அனுப்பியது. டில்லி பேசவில்லை. சாமி நினைவூட்டல் அனுப்பினார். பிறகு நினைவூட்டலுக்கு நினைவூட்டல். ஒரு நாள் நாயர் சாலைக் கடைத்தெருவில் ஹிந்தி பேசும் ஜவுளிக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்து, சாமியை அங்கே இழுத்துக்கொண்டு போனார். "ஜெயிச்சாச்சு சாமி, எங்க பசங்க பார்த்தாங்க," என்றார் ஜவுளிக்காரர்.

"எழுத்திலே தருவீரா?"

ஜவுளிக்காரர் அவருக்கு ஒரு துண்டைச் சும்மாவே கொடுத்து அனுப்பி வைத்தார். ஒருவர் சொல்லக் கேட்டதை இன்னொருவர் சொல்வது சாட்சியம் ஆகாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாராம் சாமி. துண்டையும் மறுநாள் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவர் ஓய்வு பெற்றார். மாலை போட்டோம், லட்டு கொடுத்தோம், பணிக்கொடையை நிறுத்தி வைத்தோம். ஜூன் பிறந்ததும் இடவப்பாதி மழை வந்தது. நான் பார்க்கப் போனபோது கூடம் முழுக்கப் பாத்திரம் வைத்திருந்தது. ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சுருதியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"பாருங்கோ பிள்ளைவாள்," என்றார் மாமி. "ஆபீஸ் மாடியிலே அனுமதி இல்லாம ஏறினவர், ஆத்துக் கூரையிலே நான் அனுமதி குடுத்தும் ஏற மாட்டேங்கறார்."

"ஒரு வரிதானே சாமி, எழுதித் தந்துடுங்களேன்," என்றேன்.

"பதில் வரட்டும்," என்றார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

பதில் வந்தது. அலுவலக முகவரிக்கு வந்திருந்ததால் என் மேசைக்கு வந்தது. பிரித்தேன். முழுக்க ஹிந்தி. நல்லதா கெட்டதா என்று தெரியாமல் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வலியசாலைக்கு நடந்தேன்.

சாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். மாமி அடுக்களை வாசலில் நின்றார்.

"தகுதி நீக்கம்," என்றார். "கோட்டைத் திரும்பித் தாண்டினது விதி மீறல். கோப்பை நீலக் கட்சிக்கு."

"சரியாப் படிச்சீங்களா?"

"பொய் சொல்ற அளவுக்கு எனக்கு ஹிந்தி வராது ஓய். ஒரு காகிதம் குடும். தப்புத்தான்னு எழுதித் தந்துடறேன்."

நான் கடிதத்தை அவர் கையிலிருந்து வாங்கினேன்.

"சாமி, இதோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு எங்கே?"

"இல்லை."

"ஹிந்தி பேசாத மாநிலத்துக்கு ஹிந்தியில எழுதினா?"

"இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு இணைக்கணும்." சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இணைக்கலை. நீங்க மொழிபெயர்த்துத் தரலாமா?"

"நான் சம்பந்தப்பட்ட கட்சி. செல்லாது."

"ஆபீஸ்ல வேற யாருக்காவது ஹிந்தி தெரியுமா?"

"நான் இருந்தவரைக்கும் நான் ஒருத்தன்தான்."

"அப்போ ஃபைலைப் பொறுத்தவரை, புரியும்படியான பதில் எதுவும் வரலை. உங்க விளக்கத்தை யாரும் மறுக்கலை. மறுக்காத விளக்கத்தை ஏத்துக்கிட்டு மெமோவை முடிக்கலாம்னு நாளைக்குக் குறிப்பு எழுதப் போறேன். டெபுடி கையெழுத்துப் போடுவார்."

சாமி இதில் ஓட்டை தேடினார். அவர் முகத்தில் அது தெரிந்தது. நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட விதிக்குப் புறம்பில்லை. மாமி காபி போட உள்ளே போனார். வழக்கத்தைவிடப் பாத்திரச் சத்தம் அதிகமாகக் கேட்டது.

வெளியே தூற ஆரம்பித்தது. காபி டம்ளரை வாங்கிக்கொண்டே சாமி கேட்டார்: "தகுதி நீக்கம்னு சொன்னப்போ அந்த மூணு பேரும் என்ன பண்ணினா ஓய்? மொகம் எப்படி இருந்தது?"

"நான் படிக்கட்டுலதானே நின்னேன். நாயர் பார்த்தாராம். கீழே விழுந்த இயந்திரத்தோட பாதத்துல மூணு ஓட்டுநரும் வரிசையா உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்தாங்களாம்."

"சிரிச்சாளா?"

"நாயர் சொன்னார்."

எழுத்தில் வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார். மழை விட்ட பிறகும் எனக்கு எழுந்து போக மனம் வரவில்லை. அன்று துலாம் மாதம், அதாவது ஐப்பசி, முதல் தேதி; அடைமழைக்கு முன்னால் கூரைக்குப் புது ஓடு போட்டாக வேண்டும்.